எந்தக் கையில வெட்டிப் பாத்த?

"டியர் ஃப்ரெண்ட்"னு ஒரு மெசேஜ் ஆரம்பிச்சாலே இப்பல்லாம் நான் போனக் கவுத்து வச்சிருவேன். கத்தரிக்கோல் விக்கிறவங்க எல்லாரும் எனக்கு ஃப்ரெண்டுதான். மூணு மாசத்துல நாப்பத்தி மூணு பேரு. பாதிப் பேரு விலையச் சொல்லிட்டுக் காணாமப் போனவங்க, மீதிப் பேரு ஆயிரம் பீஸ் எடுத்தாதான் பேச்சேன்னு கதவச் சாத்துனவங்க. ஒண்ணு ஒண்ணா எடுத்து, வாங்குறவங்க வீட்டுக்கு நேரா அனுப்பிருங்கன்னு சொன்னா, ஒரு சிரிப்பு மூஞ்சியப் போட்டுட்டு ஓடிருவாங்க.

என் கடை அப்படி. கடைன்னா வெப்சைட்டுதான். எடது கைப் பழக்கம் உள்ள நொட்டாங்கைக்காரங்களுக்குன்னே செஞ்ச சாமான் மட்டும்தான் அதுல. சரக்கு எங்கிட்ட ஒண்ணும் இருக்காது. ஆர்டர் வந்தா சப்ளையருக்குத் தள்ளிவிடுவேன், அவங்க என் கடை பேரப் போட்டு அனுப்பிருவாங்க. டிராப் ஷிப்பிங்னு இதுக்குப் பேரு. எங்கம்மா வச்ச பேரு வேற. "இல்லாத கடைக்கு இவன் மொதலாளி."

இந்தக் கடையே எங்கக்காவப் பாத்து வந்த யோசனைதான். அக்கா ஒரு துணி கம்பெனியில கட்டிங் டேபிள்ல நிக்கிறா, ஆறு வருஷமா. நொட்டாங்கை. கத்தரிக்கோல் எல்லாமே வலது கைக்குச் செஞ்சது. அத எடது கையில புடிச்சா மேல் பிளேடு கோட்ட மறைச்சுரும், துணி வெட்டுப்படாம நடுவுல மடிஞ்சுக்கும். கட்டவிரலால பக்கவாட்டுல நெக்கி நெக்கித்தான் வெட்டணும். அப்படி நெக்கியே அவ கட்டவிரல் ஓரத்துல அவரைக்கொட்டை சைசுக்கு ஒரு காய்ப்பு. இந்த வருஷம் அது வீங்க ஆரம்பிச்சிருச்சு, வெட்டுற ஓரம் நெளியுது. கட்டிங் மாஸ்டர் ஒரு நாள் கூப்புட்டு, "மாசக் கடைசி வரைக்கும் பாக்குறேம்மா, அப்புறம் நீ நூல் பிசிர் வெட்டுற பக்கம் போயிரு"ன்னுட்டாரு. அங்க நேத்து சேந்த புள்ளைங்கதான் ஒக்காந்திருக்கும். அக்கா வாய விட்டுட்டா. "என் தம்பி நொட்டாங்கைக் கத்தரி வரவழைக்கிறான் மாஸ்டர். வந்ததும் பாருங்க."

அந்த 'என் தம்பி'தான் என்னத் தூங்க விடல.

நாப்பத்தி மூணாவது ஃப்ரெண்டு எல்லாத்துக்கும் "யெஸ் யெஸ்" சொன்னான். ஒரு பீஸா? யெஸ். நேரா அனுப்புவியா? யெஸ். படம் அனுப்பினான், அசல் நொட்டாங்கைக் கத்தரி, எடது பிளேடு மேல. பிளேட்டுல P மாதிரி ஒரு எழுத்து வேற. மாடல் பேரு போலன்னு சைட்டுல 'P மாடல்'னே ஏத்திட்டேன். சோதிச்சுப் பாக்க ஒண்ணு வந்துச்சு. அக்காவுக்கு அப்ப ரெண்டு ஷிஃப்ட்டு, வந்ததும் குப்புறப் படுத்துருவா. சரி, கடை பேரு அச்சடிச்ச டப்பாவோட ரெண்டாவது பீஸு வரட்டும், பிரிக்காம அவ கையில குடுப்போம்னு நெனச்சேன். இத நானே வெட்டிப் பாத்தேன். பேப்பர வெட்டுனேன், பழைய ஜீன்ஸ வெட்டுனேன், ஒரு பெல்ட்டக்கூட வெட்டுனேன். வெண்ணெய்ல போற மாதிரி போச்சு. அதையே சைட்டுலயும் எழுதினேன். நாலு நாள்ல ஏழு ஆர்டர். ஒருத்தர் சலூன் வச்சிருக்கவரு. "இருவது வருஷமாத் தேடுறேன் தம்பி"ன்னு எழுதியிருந்தாரு. அந்த மெசேஜ வீட்டுல எல்லாருக்கும் ரெண்டு தடவ படிச்சுக் காமிச்சேன்.

ஞாயித்துக்கெழம மத்தியானம் டப்பா வந்துச்சு. அக்கா பிரிச்சா. சிரிச்சா. பழைய பெட்ஷீட் ஒண்ண மடிச்சுப் போட்டு, கத்தரிய எடது கையில மாட்டி, மொத வெட்டு வெட்டுனா. துணி மடங்கி ரெண்டு பிளேடுக்கும் நடுவுல மாட்டுச்சு. எடுத்துட்டுத் திரும்ப வெட்டுனா. திரும்பவும் மடங்குச்சு. மூணாவது தடவ அவ வெட்டல. கத்தரிய மெதுவா மேச மேல வச்சா.

"டேய், நீ எந்தக் கையில வெட்டிப் பாத்த?"

நான் கையத் தூக்கிக் காமிச்சேன். சோத்துக்கை.

அவளுக்கு மொதல்ல சிரிப்புதான் வந்துச்சு. கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சா. "லூசுப் பயலே, உன் கையில வெண்ணெய் மாதிரி போனா அது உன் கத்தரிதானடா. அந்தப் படத்தக் காட்டு." போன வாங்கிப் பெருசாக்கிப் பாத்தா. டப்பாவுல வந்த கத்தரியப் பக்கத்துல வச்சா. கத்தரியில '9'ன்னு இருந்துச்சு, ஒம்பது இஞ்ச். மொத பீஸுலயும் அதேதான், நான்தான் கவனிக்கல. படத்துல அதே எடத்துல P. படத்தக் கண்ணாடியில பாக்குற மாதிரி திருப்பிப் போட்டிருக்கான். அவன் கத்தரியே செய்யல, படத்தத்தான் செஞ்சிருக்கான்.

கேட்டேன். அவன்கிட்டருந்து பதில் ஒரு நிமிஷத்துல வந்துச்சு. "டியர் ஃப்ரெண்ட், ரெண்டு கைக்கும் ஒரே தரம்."

அக்கா சிரிப்ப நிறுத்திட்டு விரலத் தடவிக்கிட்டு ஒக்காந்திருந்தா. "மாஸ்டர்கிட்ட நான் என்னடா சொல்றது?"ன்னு கேட்டா. என்னக் கேக்கல, சொவத்தக் கேட்டா. மாசம் முடிய பதினாலு நாளு. அப்புறம் அவளே, "விடு, பழகிருச்சு"ன்னு எந்திரிச்சுப் போயிட்டா. திட்டியிருந்தாக்கூடத் தேவல.

ஏழு பேருக்கும் உக்காந்து எழுதினேன். வர்றது நீங்க கேட்ட கத்தரி இல்ல, தப்பு என்னுது, பணம் திரும்ப வந்துரும். ரெண்டு பேரு திட்டுனாங்க. நாலு பேரு பதிலே போடல. சலூன்காரரு மட்டும் எழுதியிருந்தாரு. "பரவால்ல தம்பி, பழகிருச்சு."

அந்த ஒரு வார்த்தைய ஒரே நாள்ல ரெண்டு பேர்கிட்ட வாங்கிட்டு, சைட்ட மூடிரலாம்னுதான் போனேன். மூடுற பட்டன் எங்க இருக்குன்னு தேடத் தெம்பில்ல. நாப்பத்தி நாலாவது ஃப்ரெண்டுக்கு எழுதிட்டேன். இந்தத் தடவ வெல கேக்கல. எத்தன பீஸுன்னு கேக்கல. "உங்க கோடவுன்ல யாராச்சும் எடது கையில புடிச்சுத் துணி வெட்டுங்க. அத வீடியோ எடுத்து அனுப்புங்க"ன்னு மட்டும் கேட்டேன்.

ரெண்டு நாளு சத்தமே இல்ல. மூணாவது நாள் சாயங்காலம் அக்கா வேலையில இருந்து வந்து செருப்பக் கழட்டுறப்ப வந்துச்சு, பதினொரு செகண்டு வீடியோ. பின்னாடி அட்டப்பெட்டி கூரை வரைக்கும். நீல ஓவர்கோட்டு போட்ட ஒரு அம்மா, மூஞ்சி தெரியல, கை மட்டும்தான். எடது கையில கத்தரி. சாம்பல் கலர் துணி, நாலு மடிப்பு. ஒரே இழுப்பு. துணி மடங்கல, ஓரம் கோடு போட்ட மாதிரி விழுந்துச்சு. கடைசியில அந்தம்மா கத்தரிய வச்சிட்டு, வீடியோ முடிஞ்சிருச்சுன்னு நெனச்சுக் கையத் திருப்பித் தேய்ச்சுக்குறாங்க.

"நிறுத்து"ன்னா அக்கா, எப்ப எம்பின்னாடி வந்து நின்னான்னே தெரியல.

நிறுத்தினேன். அந்தக் கட்டவிரல் ஓரத்துல, தேஞ்சு போயி, பழசா, ஒரு காய்ப்பு.

"எத்தன நாள்ல வரும்?"

"பதினாறு நாளுங்குறான்."

மாசம் முடியப் பதினொண்ணுதான் இருந்துச்சு. அது அவளுக்கும் தெரியும். பைய இன்னும் தோள்லருந்து எறக்காம, குனிஞ்சு, அவ கட்டவிரலக் கொண்டாந்து ஸ்கிரீன்ல இருந்த அந்த விரலுக்குப் பக்கத்துல வச்சுப் பாத்துக்கிட்டே நின்னா.