இடது ஸ்பீக்கரைத் திறந்த ஞாயிற்றுக்கிழமை

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்பீக்கர் பெட்டியை அசையாமல் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டுமென்று எசென் கூப்பிட்டான். போனேன். பிடித்துக்கொண்டேன். அவ்வளவுதான் என் பங்கு. அதை எழுத உட்கார்ந்ததிலிருந்து தொடக்க வரிகளாக அடித்துக்கொண்டிருக்கிறேன்.

“பிஷ்கெக்கில் அன்று பனி மெல்ல...” பெய்யவில்லை. ஏப்ரல் மாதம். கீழே ஆப்ரிகாட் மரம் பூத்திருந்தது.

“திறக்கக் கூடாத பெட்டி ஒன்று எல்லா வீட்டிலும்...” இப்படித் தொடங்குகிறவனை நானே படிக்கமாட்டேன்.

“ஜோல்தோஷ் தன் மகளை” என்று எழுதி நிறுத்தினேன். வினைச்சொல் வரவில்லை. அன்று அந்த அறையில் எங்கள் மூன்று பேர் மனதிலும் ஒரு வினைச்சொல் வந்தது. அது தவறு. ஆனால் சரியான வினைச்சொல்லும் அதைவிடப் பெரிதாக மேல் என்று சொல்லிவிட முடியாது.

2

எசென் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய ஹை-ஃபை ஸ்பீக்கர்களுக்கு உயிர் கொடுப்பான். ஊரிலுள்ள பாதிப் பேரின் பெட்டிகள் அவன் சமையலறை மேசையில் ஏறி இறங்கியிருக்கின்றன. சொந்த வீட்டு ஜோடியை மட்டும் அவன் தொட்டதில்லை. அது அவன் அப்பா ஜோல்தோஷுடையது. சோவியத் காலத்தில் வாங்கியது. ஒவ்வொன்றும் ஒரு ஆட்டுக்கடா கனம். கிழவர் தினமும் சாயங்காலம் ரெக்கார்டு போட்டு அவற்றின் முன்னால் உட்கார்ந்துவிடுவார். இடது பெட்டி இரண்டு வருடமாகக் கரகரத்தது. “திறந்து பாக்கவா அப்பா?” என்றால் “பாடுதுல்ல? விடு” என்பார்.

அன்று அவர் பூங்காவுக்குச் செஸ் ஆடப் போனதும், எசெனின் மனைவி கூலைதான் கிளப்பிவிட்டாள்.

“மாமா வர்றதுக்குள்ள முடிச்சிடுங்க. கேட்டா, தானா சரியாயிடுச்சுன்னு சொல்லிக்கலாம்.”

“தானா சரியாக அது என்ன ஜலதோஷமா?” என்றான் எசென்.

வலது பெட்டியை முதலில் படுக்க வைத்தோம். முன்பக்கத் துணிச்சட்டத்தைக் கழற்றினால், ஒலி எழுப்பும் பெரிய கூம்பைச் சுற்றியிருந்த நுரை வளையம் விரல் பட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது, கெட்டுப்போன அல்வா மாதிரி. கூம்பை வெளியே எடுத்து, ஒட்டியிருந்த பிசினை ஸ்பிரிட்டால் துடைத்து, அல்மாட்டியிலிருந்து வரவழைத்த புது வளையத்தை ஒட்டினான். கூலை துணிக் கிளிப்புகளைச் சுற்றிலும் மாட்டினாள்.

“என் பாவாடைக்குக் கிளிப்பு இல்ல. இவரோட கூம்புக்கு இருக்கு பாருங்கண்ணே.”

(இந்த நகைச்சுவையை அடிக்கலாமா என்று யோசித்தேன். விட்டுவிட்டேன். நாங்கள் கடைசியாகச் சிரித்தது அப்போதுதான்.)

3

இடது பெட்டியின் திருகுகள் துருவேறியிருந்தன. கூம்பைத் தூக்கியதும் உள்ளே வழக்கமான பஞ்சு மூட்டைகள். எதிரொலியை அடக்க வைப்பது. எசென் அதை வெளியே இழுத்தான். பின்னாலேயே வேறொன்று வந்தது.

துணி. கருஞ்சிவப்பு. கனத்த கம்பளித் துணி, கத்தரிக்கோலால் தாறுமாறாக வெட்டியது. ஒரு துண்டு, இன்னொன்று. ஒரு முழு கை. கடைசியாக நரித்தோல் காலர்.

எசென் காலரைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“பெர்மெத் அக்காவோடது,” என்றான்.

*

பெர்மெத் யாரென்று வாசகருக்கு நான் இதற்குள் சொல்லியிருக்க வேண்டும். எசெனின் அக்கா. தொண்ணூற்று நான்காம் வருடத்து ஜனவரியில், ரஷ்யாவின் ஓம்ஸ்க் நகரில் படிக்கப் போகிறேனென்று வீட்டைவிட்டுப் போனாள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. எசென் பள்ளிக்கூடப் பையன். அவனும் அம்மாவும் நாரின் என்ற ஊர்ப் பக்கம் மாமன் வீட்டுக்குப் போயிருந்தார்கள். திரும்பி வந்தபோது ஜோல்தோஷ் சொன்னார்: “நானே ரயிலேத்தி விட்டேன். அந்தச் சிவப்புக் கோட்டு போட்டுட்டுத்தான் போனா.” அவளிடமிருந்து கடிதம் வரவில்லை. ஓம்ஸ்க் கல்லூரியில் விசாரித்தால், அப்படி யாரும் வந்து சேரவில்லை என்றார்கள்.

*

அந்தக் கோட்டு இங்கே இருந்தது.

எசென் துண்டுகளை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். எதைத் தேடினான் என்று எங்களுக்குத் தெரியும். கூலை என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள், நகம் பதிந்தது. கறை எதுவும் இல்லை. இல்லாதது கொஞ்சமும் ஆறுதலாக இல்லை.

“போலீஸ்...” என்று கூலை தொடங்கி நிறுத்தினாள்.

அப்போது கதவு திறந்தது. ஜோல்தோஷ், அக்குளில் இரண்டு ரொட்டியுடன்.

4

அவர் தரையைப் பார்த்தார். ஷூவைக் கழற்றினார். ரொட்டியை மேசைமேல் வைத்தார், தலைகீழாக இல்லாமல் நேராக. இந்த ஊரில் ரொட்டியைக் கவிழ்த்து வைக்கமாட்டார்கள். அந்த நேரத்திலும் அவர் அதைப் பார்த்து வைத்தது எனக்குப் பயமாக இருந்தது.

“அக்காவ என்ன பண்ணீங்க?” என்றான் எசென்.

“நான் ஒண்ணும் பண்ணல.”

“அப்பா, என் கையில அவ கோட்டு இருக்கு!”

கிழவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்தார். நான் எழுந்தேன்.

“இரு தம்பி. யாராவது வெளி ஆள் இருக்கட்டும். இல்லாட்டி இவன் என்னை அடிச்சிடுவான்.”

பிறகு சொன்னார். “ரஷ்யா பக்கம் அப்ப எப்படி இருந்துச்சு தெரியுமா? பட்டப்பகல்ல ஆளைக் கொன்னுட்டுப் போவான். போகாதன்னேன். போவேன்னா. ராத்திரி அவ தூங்கினப்புறம் கோட்டை எடுத்து வெட்டிட்டேன். கோட்டு இல்லாம ஜனவரில எங்க போவா, வாசப்படிகூடத் தாண்டமாட்டான்னு நெனச்சேன்.”

“அப்புறம்?”

“காலைல எந்திரிச்சா ஆள் இல்ல. என்னோட ஸ்வெட்டர் ஒண்ணு இல்ல. அந்தச் சாம்பல் கலரு.”

கிழவர் தரையில் கிடந்த துண்டுகளைப் பார்த்தார்.

“ஸ்டேஷனுக்கு ஓடினேன். ரயில் போயிடுச்சு. உங்கம்மா வர்றதுக்குள்ள இதை எங்கயாவது போடணும். குப்பைத் தொட்டில போட்டா பக்கத்து வீட்டுக்காரி பாத்துடுவா. இந்தப் பெட்டி அப்ப ஏதோ ஒயர் விட்டுப்போயி திறந்து கெடந்துச்சு.”

எசெனுக்கு அடுத்தது உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அது அவன் முகத்தில் ஏறுவதை நான் பார்த்தேன்.

“அம்மா ஊர் ஊரா நோட்டீஸ் ஒட்டினாளே. கருஞ்சிவப்புக் கோட்டு, நரித்தோல் காலர்னு. ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் கேட்டாளே. ‘சிவப்புக் கோட்டுப் பொண்ணா? பாக்கலயேம்மா’ன்னு எத்தனை பேர் சொன்னாங்க. நீங்க பக்கத்துலயே நின்னீங்க.”

“நின்னேன்.”

“பாத்தவங்ககூட இல்லைன்னு சொல்லியிருப்பாங்க அப்பா!”

“ஆமா,” என்றார் ஜோல்தோஷ்.

அந்த ‘ஆமா’வை எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. ஒரு சொல். குரலில் நடுக்கம் கிடையாது. தானே பல தடவை அந்த நினைப்பு வரைக்கும் போய் நின்று திரும்பிய ஒருவரின் ‘ஆமா’.

5

இங்கே கதாசிரியனுக்கு ஒரு சிக்கல். இந்தக் கிழவரை எனக்குப் பிடிக்கும். என் மகள் காய்ச்சலில் கிடந்தபோது மூன்று மாடி ஏறி வந்து ஆட்டுச்சூப் கொடுத்தவர். இந்தப் பத்தியை எழுதி, அடித்து, மறுபடி எழுதினேன். இதைச் சேர்த்தால் அவருக்குப் பரிந்து பேசுவதாக ஆகிறது. சேர்க்காவிட்டால் பொய்.

கூலை போனில் சொன்னாள்: “அண்ணே, அத்தை சாகுற வரைக்கும் ரயில் சத்தம் கேட்டா ஜன்னலுக்குப் போவாங்க. அதை எழுதுங்க. சூப்பை அப்புறம் எழுதுங்க.”

எழுதிவிட்டேன்.

வேறு முடிவுகளும் யோசித்தேன். கோட்டில் கறை இருந்திருந்தால் இது போலீஸ் கதை. எனக்கு அது எளிது. கிழவர் அன்றிரவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவது இன்னும் எளிது. அவர் விழவில்லை. மறுநாள் பல் தேய்த்தார், டீ குடித்தார். எசென் அவரோடு பேசவில்லை. ஒரே மேசையில் அவரவர் கிண்ணத்தைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். கதையில் எழுத முடியாத அளவுக்கு அது சாதாரணமாக இருந்தது.

6

எசென் புது அறிவிப்பு போட்டான். ரயில் பாதையோரத்து ஊர்களின் இணையக் குழுக்கள் எல்லாவற்றிலும். பழைய புகைப்படம். கீழே: கோட்டு கிடையாது, ஆண்பிள்ளை ஸ்வெட்டர், சாம்பல் நிறம்.

மே மாதம் ஷூ என்ற ரயில் ஜங்ஷனிலிருந்து ராய்ஸா என்ற கிழவி அழைத்தாள். நானும் இருந்தேன். எசென் போனை மேசைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டான். ஜோல்தோஷ் உள்ளறைக் கதவருகே வந்து நின்றார்.

“கோட்டு இல்லாத பொண்ணு ஒண்ணு வந்துச்சுப்பா. மறக்க முடியுமா? ஸ்டேஷன் கேன்டீன்ல நான்தான் டீ ஊத்துவேன். உதடெல்லாம் நீலமா இருந்துச்சு. கேள்விகேட்டா பதில் இல்ல. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். ஜுரம் வந்து ரொம்ப நாள் படுத்துக் கெடந்தா.”

“அப்புறம் பாட்டி?”

“பொழைச்சுக்கிட்டா. பனி உருகுற வரைக்கும் எங்கூட இருந்தா. நல்லா ரொட்டி சுடுவா. வடக்கே ஏதோ பேக்கரில வேலைன்னு ஒருத்தி கூப்பிட்டா, போயிட்டா. அப்ப சிவப்புக் கோட்டுன்னு உங்கம்மா ஒட்டின நோட்டீஸ் எங்க சுவர்லயும் இருந்துச்சு. படமே இல்லாம எழுத்து மட்டும். இவ பேரும் வேற சொல்லியிருந்தா. அது இவதான்னு நான் எப்படிப்பா நெனைப்பேன்?”

எசென் நெற்றியை மேசையில் வைத்துக்கொண்டான். கூலைதான் கேட்டாள்: “வீட்டைப் பத்தி ஏதாவது சொன்னாங்களா பாட்டி?”

“அம்மா, தம்பி இருக்காங்கன்னா. அப்பா செத்துட்டாருன்னா.”

கதவருகே நின்றவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“பொழைச்சாளா?” என்று கேட்டார். “அந்தக் குளிர்ல... பொழைச்சாளா?”

“யாரது பேசறது?” என்றாள் ராய்ஸா.

எசென், தலை தூக்காமல், “அப்பா” என்றான். கிழவியிடம் சொன்னானா, அவரைக் கூப்பிட்டானா என்று எனக்குத் தெரியாது. இருபத்தைந்து வருடமாக இவர்களுக்கு நடுவில் வாழ்கிறேன், இன்றும் தெரியாது.

7

இதுவரை எழுதியதை எசெனுக்குப் படித்துக் காட்டினேன். வடக்கே பேக்கரிகள் இருக்கும் ஊர்களுக்கெல்லாம் அவன் போன் செய்துகொண்டிருந்த நேரம். கேட்டு முடித்ததும் போனைக் கவிழ்த்து வைத்தான்.

“முடிவு எழுதிட்டியா?”

“ரெண்டு வச்சிருக்கேன். ஒண்ணுல அவ கெடைக்கிறா.”

“இன்னொண்ணு?”

நான் சொல்லவில்லை.

“ரெண்டையும் அழிச்சிடு,” என்றான். “நீ எது எழுதினாலும் நான் நம்பிடுவேன். அப்புறம் போன் பண்றத நிறுத்திடுவேன்.”

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அழித்தேன். கடைசி வாக்கியத்தின் தொடக்கம் மட்டும் மிச்சம். அதை முடிக்க எனக்கு உரிமையில்லை. உங்களுக்கு இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்:

பெர்மெத் இப்போது