சோம்புக்காட்டில் மேய்ந்த மந்தை

பாக்கீஸ் இத்தாலியின் சார்டீனியத் தீவு மலைக்காரன். அவன் ஊரில் காட்டுச்சோம்பு ஆளுயரத்துக்கு வளர்ந்து நிற்கும். புல் காய்ந்தால் ஆடுகள் அதைத்தான் கடிக்கும். ஒன்றும் ஆனதில்லை.

இந்த வருஷம் கீழே சமவெளியில் மேய்ச்சல் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தான். அந்த ஊர்க்காரனான மச்சினன் போபோரே ஒன்று சொல்லியிருந்தான். ஓடைக்கு அப்பாலிருக்கும் சோம்புக்காட்டில் ஆட்டை விடாதே, இந்தப் பக்கத்துச் சோம்பு ரத்தத்தைத் தண்ணியாக்கிவிடும். பாக்கீஸ் நம்பவில்லை. செத்த சோம்பின் வேரில்தான் நல்ல காளான் முளைக்கும். காளான் இடத்தைப் பெற்ற அப்பனுக்கும் யாரும் காட்டமாட்டார்கள். மலையில் அவனே ஒரு சரிவில் காட்டுப்பன்றிக்குக் கண்ணி வைத்திருப்பதாகப் புளுகி, பத்து வருஷம் ஊரை அண்டவிடாமல் வைத்திருந்தான். மச்சினனும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டான்.

ஏப்ரலில் மழை இல்லை. நூற்றுப்பத்து ஆடுகளையும் மூன்று வாரம் அங்கேதான் மேய்த்தான்.

மே மாதம் மயிர் கத்தரிக்கப் போபோரேயும் அக்கம்பக்கத்து ஆறு பேரும் வந்தார்கள். கூலி கிடையாது. மதியம் சுட்ட கறி, ஒயின். அவர்கள் முறை வரும்போது இவன் போகவேண்டும். கத்தரி பட்டு எப்படியும் தோல் கீறும். சாம்பலை அப்பினால் ரத்தம் நின்றுவிடும்.

முதல் சுற்றில் ஏழு ஆடுகள். நான்குக்குக் கீறல். சாம்பல் அப்பியும் ரத்தம் நிற்கவில்லை. வெளிறி, உறையாமல் ஓடியது. கத்தரி மொண்ணை என்றான் பாக்கீஸ். ஆடு மொண்ணை என்றார் பக்கத்து நிலத்துக்காரர் ஆன்டினே. எல்லோரும் சிரித்தார்கள். முதல் ஆடு கால்களை நீட்டிச் செத்தபோது சிரிப்பு நின்றது.

"மாப்ளே, எங்க மேச்ச?" என்று போபோரே கேட்டான்.

"எப்பவும் மேய்க்கிற எடத்துலதான்."

அவர்கள் அடுத்த ஏழைப் பிடித்துக் கால்களைக் கட்டினார்கள். பாக்கீஸ் வாயைத் திறந்தால் ஊர் முழுக்கச் சிரிக்கும். திறக்காவிட்டால் சாயங்காலத்துக்குள் மந்தையே இருக்காது. போபோரே கத்தரியை ஆட்டின் வயிற்றில் வைத்தான்.

"நிறுத்து மச்சான். சோம்புக்காட்டுல மேச்சேன். மூணு வாரமா."

"நான் சொன்னேன்ல?"

"காளானுக்காகச் சொல்றேன்னு நெனச்சேன்."

ஆன்டினே எரிச்சலோடு, "அங்க ஏதுடா காளான், அது பழைய கிணத்துக்கு மேக்க" என்றார். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். மற்ற ஆறு பேரும் மேற்கே பார்த்தார்கள்.

கட்டுகளை அவிழ்த்துவிட்டார்கள். சாப்பிட ஒருவரும் உட்காரவில்லை. பாக்கீஸின் மனைவி கறியைப் பொட்டலம் கட்டி ஆளுக்கொன்று கொடுத்தாள், மறுக்காமல் வாங்கிக்கொண்டார்கள். கால்நடை வைத்தியர் வந்து ஊசி போட்டார். வைக்கோல் மட்டும் போடச் சொன்னார், கத்தரியைத் தொடாதே என்றார். கீறல் பட்டவை நான்கும் போயின. கீறாமலே மூக்கில் ரத்தம் வந்து இன்னும் ஏழு.

ஜூலை வெயிலில் மிச்சமிருந்த தொண்ணூற்றொன்பதில் மூன்றைத் தவிர எல்லாம் முழு மயிரோடு இரைத்துக்கொண்டு நின்றன. சாலையில் போகிறவர்கள் வண்டியை மெதுவாக்கிப் பார்த்தார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.