சங்கிலி ஜெபம்

மாதர் சங்கத்தின் புதன்கிழமை ஜெபக்கூட்டம் வீடு மாற்றி வீடு நடக்கும். இரண்டு மாதமாகச் சுகிர்தம்மாளின் முறை வந்தால் மட்டும் அதைத் தாண்டிக் குதித்து அடுத்த வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த சங்கம், அந்த வாரம் அவள் வீட்டுக்கே வருவதாகக் கோயிலில் அறிவித்தது. போதகர் அறிக்கையை வாசித்தபோது பெண்கள் பக்கத்தில் ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பாமலிருக்க எவ்வளவு பிரயாசைப்பட்டார்கள் என்பது அவர்கள் பிடரியைப் பார்த்தாலே தெரிந்தது.

எல்லாம் ஒரு கதையால் வந்த வினை. சுகிர்தம்மாள் மிஷன் மாதப் பத்திரிகையில் ஆறு வருஷமாகக் கதை எழுதி வந்தாள். மாமியார் மனந்திரும்பினாள், குடிகாரன் திருந்தினான், விதவை ஜெபித்தாள், மழை பெய்தது என்கிற மாதிரி கதைகள். அதுவரை சபைக்கு அவள் மேல் கொள்ளைப் பிரியம். "நம்ம சுகிர்தம் எழுதினது" என்று பத்திரிகையை மற்ற சபைக்காரர்களிடம் நீட்டிக் காட்டுவார்கள். 1933 ஜூன் மாத இதழில் அவள் ராகேலைப் பற்றி எழுதினாள். பிரியம் அன்றோடு தீர்ந்தது.

ராகேல் மயிலாப்பூர்த் தெருக்களில் வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் வாசித்துக் காட்டுகிற மிஷன் ஊழியக்காரி. இருபத்திரண்டு வருஷம் நடந்தாள். மீர்சாகிப்பேட்டையில் ஒற்றை அறையில் குடியிருந்தாள். க்ஷயரோகம் கண்டு சாகும்வரை நாலு மாதம் படுத்துக் கிடந்தபோது சபையிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. வியாதி தொற்றிக்கொள்ளும் என்று வெளியே சொன்னார்கள். அவள் பிறந்த சேரியின் பேரை உள்ளே சொல்லிக்கொண்டார்கள். கதையில் ஒரு பெரிய வீட்டு அம்மாள், பால் கேட்டனுப்பிய ராகேலுக்குப் பாலுக்குப் பதிலாக ஒரு வசனச் சீட்டை அனுப்பி வைக்கிறாள். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்" என்று ரோஜாப்பூப் படம் போட்டு அச்சடித்த சீட்டு.

அந்தச் சீட்டை நிஜமாகவே அனுப்பியவள் மாதர் சங்கத் தலைவி மாசிலாமணி அம்மாள். மாம்பலம் பக்கம் ஏரியைத் தூர்த்துப் போட்ட புது நகரில் பங்களா கட்டிக் குடியேறியவள். கதையில் அவள் பேர் இல்லை, ஊர் இல்லை. அவளே நாலு வீட்டுக்குக் குதிரை வண்டி பிடித்துப் போய், "என்னைத்தான் எழுதியிருக்கா, பாத்தீங்களா?" என்று சொல்லிவிட்டு வந்தாள். அதுவரை தெரியாதவர்களுக்கும் தெரிந்துபோயிற்று.

இதே மாசிலாமணி அம்மாளின் அண்ணன் மகன் எட்வினுக்குத்தான் சுகிர்தம்மாளின் மகள் எப்சிபாவை நிச்சயித்திருந்தது. பையன் தந்தி ஆபீசில் வேலை பார்க்கிறான். நல்ல பையன், அத்தை பேச்சைத் தட்டமாட்டான். இந்த ஒரு குறை பெரிய குறை என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. கலியாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று போதகர் கேட்பார். முதல் ஓலை வாசித்தாயிற்று. இன்னும் இரண்டு பாக்கி.

புதன்கிழமை காலை ஆபீசுக்குக் கிளம்பிய சுகிர்தம்மாளின் புருஷன் ஆபிரகாம் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"அவங்க ஒரு கடுதாசி கொண்டு வருவாங்க. கையெழுத்துப் போட்டுத் தொலை. உன் கதையை விட என் பொண்ணு எனக்குப் பெரிசு."

"எனக்கு மட்டும் பொண்ணு இல்லையா?"

"அது இன்னைக்குச் சாயந்திரம் தெரியும்" என்று சொல்லிவிட்டு அவர் டிராம் பிடிக்கப் போய்விட்டார்.

மூன்று மணிக்கு ஒன்பது பேர் வந்தார்கள். வெள்ளைப் புடவை, கையில் வேதப்புத்தகம், முகத்தில் துக்க வீட்டுக்கு வந்த களை. மாசிலாமணி அம்மாள் உட்கார்ந்தவுடன் மடித்த காகிதம் ஒன்றைப் பிரித்துப் பாய் நடுவில் வைத்து, அது பறக்காமலிருக்கத் தன் வேதப்புத்தகத்தையே அதன் மேல் வைத்தாள். பத்திரிகையை நடத்தும் துரைசானிக்கு எழுதிய கடுதாசி அது. 'ராகேல் என்ற கதையில் உள்ளதெல்லாம் பொய். சபையாரை நோகச் செய்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.' கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

"பொய்யின்னு நான் எப்படிப் போடறது அக்கா?" என்றாள் சுகிர்தம்.

"இப்ப ஒண்ணும் பேச வேணாம். முதல்ல ஜெபிப்போம். ஆண்டவர் உனக்குக் காட்டுவார்" என்றாள் மாசிலாமணி அம்மாள். "சங்கிலி ஜெபம். எனக்கு வலப்பக்கமா ஆரம்பிச்சு வரட்டும். எனக்கப்புறம் எப்சிபா, கடைசியில் சுகிர்தம் முடிக்கட்டும்."

சங்கிலி ஜெபத்துக்குச் சட்டம் உண்டு. எல்லோரும் முழங்காலில் நின்று கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். ஒருத்தி முடித்ததும் அடுத்தவள் தொடர வேண்டும். ஒருத்தி ஜெபிக்கையில் மற்றவள் குறுக்கே வாயைத் திறக்கக் கூடாது, ஆமென் மட்டும் சொல்லலாம். ஆகையால் முகத்துக்கு நேரே சொல்லக் கூசுகிற எதையும் ஆண்டவரிடம் சொல்லுகிற சாக்கில் ஆற அமரச் சொல்லிவிடலாம். எதிர்த்துப் பேச ஆள் கிடையாது. மயிலாப்பூர் வக்கீல்களுக்குக்கூட ஹைகோர்ட்டில் இந்தச் சௌகரியம் இல்லை.

"ஆண்டவரே, நாவை அடக்கச் சொன்னீர், பேனாவையும் அடக்கக் கற்றுத் தாரும்" என்று முதலாமவள் ஆரம்பித்தாள்.

"ஆமென்" என்றது கூட்டம்.

"புருஷனுக்கு வேளாவேளைக்குச் சோறு போடாமல் காகிதத்தைக் கட்டிக்கொண்டு அழுகிற ஸ்திரீகளை நினைத்தருளும்" என்றாள் அடுத்தவள்.

"ஆமென்."

போதகர் மனைவி பாவம், சாது. "எல்லோரையும் சமாதானமாக வையும்" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துக்கொண்டாள். அதற்கு வந்த ஆமென்தான் இருப்பதிலேயே சின்னது. மாசிலாமணி அம்மாள் அதை ஈடுகட்டினாள். யூதாசில் தொடங்கி, கூட இருந்தே குழி பறித்தவர்களை வேதத்திலிருந்து ஒருவர் விடாமல் கூப்பிட்டு நிறுத்தினாள். "தகப்பனே, விஷம் உள்ள வீட்டில் பெண்ணெடுக்க எங்கள் குடும்பத்துக்குச் சித்தமில்லை. விஷத்தைத் துப்பிவிட்டால் உமது சித்தம் ஆகட்டும்" என்று முடித்தாள். அடுத்த வீட்டுப் பாட்டு வாத்தியார் கல்யாணராமன் வீட்டில் அதுவரை கேட்டுக்கொண்டிருந்த சாதகம் நின்றுபோயிற்று.

சுகிர்தத்துக்கு உடம்பு கொதித்தது. இருந்த இடத்தில் எழுந்து நின்று ஒன்பது பேரையும் தெருவில் தள்ளிக் கதவைச் சாத்தினால் என்ன என்று தோன்றியது. கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

அவளுக்கு முன்னால் எப்சிபாவின் முறை. பத்தொன்பது வயது. பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா வேலைக்குப் படித்தவள், அதிகம் பேசமாட்டாள். "ஆண்டவரே, கதையில எழுதின பொய்யை அம்மா ஒத்துக்கணும். அதுக்குப் பெலன் தாரும்" என்றாள்.

இதற்கு வந்த ஆமென் வீட்டு ஓட்டைத் தூக்கிற்று.

பெற்ற பெண்ணே அந்தப் பக்கம் போய்விட்டாள் என்று சுகிர்தம் நினைத்தாள். தந்தி ஆபீஸ் மாப்பிள்ளைக்காக அம்மாவைக் காட்டிக் கொடுத்துவிட்டாளே என்று ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் பெண் சொன்ன வார்த்தை உள்ளே எங்கோ போய்த் தைத்திருந்தது. எந்தப் பொய்யைச் சொல்கிறாள் என்பது அம்மாவுக்குத் தெரியாமலில்லை.

எல்லோரும் காத்திருந்தார்கள். சுகிர்தம் வாயைத் திறந்தாள்.

"ஆண்டவரே, ராகேல் பால் கேட்டது பொய்யில்லை. சீட்டு வந்தது பொய்யில்லை. நாலு மாசம் இந்தச் சபையிலிருந்து ஒரு ஈ காக்கை போகாதது பொய்யில்லை."

யாரோ தொண்டையைச் செருமினார்கள். ஜெபத்தின் நடுவே அதற்கு மேல் செய்ய வழியில்லை.

"ஒரு இடம் பொய். கதை முடிவிலே சபைப் பெண் ஒருத்தி கஞ்சி எடுத்துக்கொண்டு போகிறாள். ராகேல் அதை அவள் கையால் வாங்கிக் குடித்துவிட்டுக் கண்ணை மூடுகிறாள். படித்தவர்களெல்லாம் அந்த இடத்தில் அழுததாகக் கடுதாசி போட்டார்கள். அந்தப் பெண் நான்தான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். நினைக்கட்டும் என்று இருந்துவிட்டேன். நான் போகவில்லை. ஒருத்தியும் போகவில்லை. ராகேலுக்குப் பக்கத்து வீட்டு ஜைதூன் பீ தான் கஞ்சி கொடுத்தாள். இதற்கு மேல்..."

நிறுத்திவிட்டாள்.

"முழுசா சொல்லும்மா" என்றாள் எப்சிபா.

"ஜெபத்துக்கு நடுவுல என்னடி பேச்சு?" என்று மாசிலாமணி அம்மாள் சீறினாள். அவளே கண்ணைத் திறந்துவிட்டாள். எல்லோருமே திறந்துவிட்டார்கள். சுகிர்தம் மட்டும் திறக்கவில்லை.

"ராகேல் சனிக்கிழமை தவறாமல் இங்கே வருவாள். போன வீட்டுச் சங்கதியெல்லாம் சொல்லுவாள். ஆறு வருஷமாக நான் எழுதின கதைகளில் பாதி அவள் வாயிலிருந்து வந்தது. அவள் சாகிறதுக்கு முந்தின நாள் ஜைதூன் பீ வாசல் கேட்டண்டை வந்து நின்றாள். நான் உள்ளே எழுதிக்கொண்டிருந்தேன். அதுவும் ராகேல் சொன்ன கதைதான். மறுநாள் தபாலில் சேர்க்க வேண்டும். எனக்கு வியாதி பயமும் இருந்தது. அம்மா வீட்டில் இல்லை என்று சொல்லி அனுப்பு என்று இந்தப் பிள்ளையை அனுப்பினேன்."

"ஜைதூன் பீ என்ன சொன்னான்னு உனக்குத் தெரியாது" என்றாள் எப்சிபா. "'அம்மா கீறாங்களாம்மா? அது உங்கம்மா பேரத்தான் சொல்லிக்கினே கீது. ஒரு தபா வந்து மூஞ்சக் காட்டிட்டு வரச் சொல்லு'ன்னா. வீட்டுல இல்லேன்னேன். உள்ளே நீ பேனா உதறின சத்தம் அவளுக்கும் கேட்டுச்சு. ஒண்ணும் சொல்லாம போயிட்டா."

சுகிர்தம் முழங்காலில் நின்றபடியே இருந்தாள். "ஆமென்" என்றாள் எப்சிபா. வேறு யாரும் சொல்லவில்லை.

மாசிலாமணி அம்மாள் காகிதத்தை உருவி மடித்தாள். "எழுந்திருங்க எல்லாரும். இது ஜெபமில்லே. தன் வண்டவாளத்தைச் சொல்ற சாக்குல நம்ம மானத்தையும் சந்தி சிரிக்க வச்சிட்டா."

"கையெழுத்து நான் போடறேன் அக்கா" என்றாள் சுகிர்தம். "பொய் எதுன்னு விவரமா எழுதித்தான் போடுவேன்."

"நீ ஒண்ணும் கிழிக்க வேணாம். ஞாயித்துக்கிழமை ரெண்டாவது ஓலை வாசிக்கமாட்டாங்க. இப்பவே அண்ணன் வீட்டுக்குப் போறேன்." வாசலில் திரும்பி எப்சிபாவைப் பார்த்தாள். "நீ ஒரு பொண்ணு! வந்த வாழ்வைக் காலால எட்டி உதைச்சிட்டியே."

ஒன்பது பேரும் படியிறங்கினார்கள். காப்பியை ஒருத்தியும் தொடவில்லை. முறுக்கில் மட்டும் இரண்டு குறைந்திருந்தது. போதகர் மனைவி கடைசியாகப் போனவள், ஏதோ சொல்ல வந்து, சுகிர்தத்தின் தோளை ஒரு தரம் தொட்டுவிட்டு ஓடாத குறையாக மற்றவர்கள் பின்னால் ஓடினாள்.

வீடு அமைதியானதும் சுகிர்தம் பாயில் தொப்பென்று உட்கார்ந்தாள். சாயந்திரம் ஆபிரகாம் வந்து ஆடப்போகும் ஆட்டம் நினைவுக்கு வந்தது. எப்சிபா டம்ளர்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"எப்சி, உன் கலியாணத்தை நானே கெடுத்துட்டேனே."

"அதுக்கு அப்புறமா அழுதுக்கறேன்." அவள் டம்ளர்களை வேகமாகக் கீழே வைத்தாள். "எனக்கு உன் மேல இருக்கிற கோபம் அது இல்லே. பொய் சொல்லச் சொன்னதும் சொல்றதுக்கு நான் ஒண்ணும் பச்சைப் பிள்ளை இல்லே. மாட்டேன்னு சொல்லியிருக்கலாம். சொல்லலை. ரெண்டு பேரும் சேர்ந்துதான் அவளைத் திருப்பி அனுப்பினோம். அப்புறம் நீ ஒரு கதை எழுதி, கஞ்சியைக் கையில எடுத்துக்கிட்டு ஜம்முனு போயிட்டே. நான் மட்டும் அந்தக் கேட்டண்டையே நின்னுக்கிட்டு இருக்கேன். ஏழு மாசமா நிக்கறேன்."



எப்சிபா உள்ளே போய் மைக்கூட்டையும் பேனாவையும் நாலு தாளையும் கொண்டு வந்து அம்மா முன்னால் வைத்தாள்.

"எழுது. நடந்தபடி எழுது. கேட்டண்டை வந்து பொய் சொல்ற பொண்ணுக்கு வேற பேரெல்லாம் வைக்காதே. என் பேரையே வை."

"ஊரெல்லாம் படிக்குமேடி. இதுக்கு அப்புறம் உன்னை எவன் கட்டுவான்?"

"படிச்சிட்டு வர்றவன் வரட்டும்."

சுகிர்தம் பேனாவைத் தொட்டு எடுத்தாள். எப்சிபா என்று எழுதினாள். அது சீக்கிரம் எழுதி முடிந்துவிட்டது. உள்ளே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தவளின் பேரை எழுதத்தான், மகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டேயிருக்க, அவளுக்கு வெகு நேரம் பிடித்தது.