மூன்று இலக்குகளும் ஒரு பூஜ்யமும்

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் அக்கா. அவள் தலைமையிலான குழுவில் இருந்த மூன்று டெவலப்பர்களும் அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவளைவிட ஆறு வயது மூத்த மேனேஜரே ஒருநாள் கூட்டத்தில் "அக்கா என்ன சொல்றாங்கன்னா" என்று ஆரம்பித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அதன் பிறகு அவரும் திருத்திக்கொள்ள முயலவில்லை.

மருத்துவமனை ஆய்வகங்களுக்கு மென்பொருள் எழுதுவது அவர்கள் வேலை. ரத்தம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால், சர்க்கரை இவ்வளவு, உப்பு இவ்வளவு, இருக்கவேண்டிய அளவு இவ்வளவு என்று ஒரு தாள் கைக்கு வருமே, அந்தத் தாளை அச்சிடுவது அவர்களுடைய மென்பொருள்தான். எண்பத்து மூன்று ஆய்வகங்களில் அது ஓடிக்கொண்டிருந்தது. அவற்றில் ஒன்றில்தான் அவள் கணவர் டெக்னீஷியன். ஆரம்பத்தில் அவர் தினமும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து "உங்க சாஃப்ட்வேர் இன்னைக்கு என்ன பண்ணுச்சு தெரியுமா" என்று கச்சேரியைத் தொடங்கிவிடுவார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, வீட்டில் இனி ஆபீஸ் புகார் கூடாது, குறை இருந்தால் ஸ்கிரீன் மேலே சிவப்பாக ஒரு பட்டன் இருக்கிறது, மற்றவர்களைப் போல அதை அழுத்துங்கள் என்று அவள் கறாராகச் சொல்லிவிட்டாள். மனிதர் அன்றிலிருந்து வாயைத் திறக்கவில்லை.

அவள் குழுவில் மூன்று பேர். நெட்டை, பெயருக்கேற்ற ஆள். எந்த வாசலிலும் குனிந்துதான் நுழைவான். சுட்டி என்பவள் இருபத்தாறு வயதுப் பெண். நான்கு நாள் வேலையை நான்கு மணி நேரத்தில் முடிக்க வழி உண்டா என்றுதான் அவள் புத்தி முதலில் போகும், பெரும்பாலும் வழி கிடைத்தும்விடும். மூன்றாமவர் சாமியார். பக்தியெல்லாம் ஒன்றும் கிடையாது. ஒரு நாளைக்கு நான்கு வாக்கியத்துக்கு மேல் பேசமாட்டார், அதனால் வந்த பெயர். மற்றவர்கள் எழுதிய நிரலை ஆய்வகங்களுக்கு அனுப்புவதற்கு முன் வரிவரியாகப் படிப்பது அவர் பொறுப்பு. காலையில் படிக்க ஆரம்பித்தால் மதியம் எழுதியவரின் நாற்காலி பக்கத்தில் வந்து நிற்பார். "இது இப்படி வந்தா என்ன ஆகும்?" என்று கேட்பார். கேட்கப்பட்டவர் முகம் வெளிறிப்போய், கொடுங்க, திருத்தித் தர்றேன் என்று வாங்கிக்கொள்வார். நிரலில் செய்யும் மாற்றங்களில் வாரத்துக்கு ஆறு பார்ப்பார். அவர் பார்த்து அனுப்பியதில் இதுவரை ஒரு பழுது வந்ததில்லை. வராத ஒன்றை யாரும் கவனிப்பதில்லை என்பதால் அவரையும் யாரும் கவனித்ததில்லை.

அந்த ஆண்டு மேலிடத்திலிருந்து ஓர் ஆணை வந்தது. ஒவ்வொரு டெவலப்பருக்கும் காலாண்டு இலக்கு வைக்கவேண்டும். இலக்கு எண்ணாக இருக்கவேண்டும். எண்ண முடியாதது இலக்கே அல்ல. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் பட்டியல் வந்து சேரவேண்டும்.

நெட்டைக்கு எழுதுவது அக்காவுக்குச் சுலபமாக இருந்தது: ரிப்போர்ட் திறக்க நான்கு நொடி ஆகிறது, அதை இரண்டு நொடிக்குள் கொண்டுவர வேண்டும். சுட்டிக்கும் தடையில்லை: மாதம் நூற்று நாற்பது புகார் வருகிறது, எழுபதாகக் குறைய வேண்டும். சாமியாருக்கு வந்தபோதுதான் பேனா நின்றது. யோசித்து யோசித்து, 'தவறு நேராமல் பார்த்துக்கொள்வது' என்று எழுதிக்கொண்டு போனாள்.

மேனேஜர் அதைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நேராததை எப்படி எண்ணுறது?" என்றார். நியாயமான கேள்விதான். வாரத்துக்கு எத்தனை பார்க்கிறார் என்று கேட்டார். ஆறு என்றாள்.

"அப்ப முப்பது போடுங்க. இலக்குன்னா கொஞ்சம் எட்டிப் பிடிக்கிற மாதிரி இருக்கணும்."

முப்பது பார்க்கிற அளவுக்கு இங்கே மாற்றமே வருவதில்லை என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அதையெல்லாம் சின்னச் சின்னதாக உடைத்து அனுப்பச் சொல்லுங்கள், பக்கத்துக் குழுவுடையதையும் சேர்த்துப் பார்க்கட்டும் என்றார். மறுக்கத்தான் நினைத்தாள். மணி நான்கே முக்கால் ஆகியிருந்தது. 30 என்று தன் விரலால் தானே தட்டி, கீழே கையெழுத்தும் போட்டு அனுப்பிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

இரண்டு மாதம் போனது. நடைபாதைச் சுவரில் ஒரு பெரிய திரை மாட்டி, எல்லாக் குழுக்களின் இலக்கையும் அதில் ஓடவிட்டிருந்தார்கள். எட்டியது பச்சை, எட்டாதது சிவப்பு. மற்ற குழுக்களின் வரிசையில் அங்கங்கே சிவப்பு சிந்திக் கிடந்தது. அக்காவின் வரிசை மட்டும் முழுப் பச்சை. ரிப்போர்ட் ஒன்றே முக்கால் நொடியில் திறந்தது. சாமியாரின் வாரச் சராசரி முப்பத்தொன்று. புகார் எழுபதோடு நிற்காமல் இருபத்திரண்டுக்கு இறங்கியிருந்தது. மேனேஜர் அதைப் படம் பிடித்து மேலே அனுப்பினார். தண்ணீர் குடிக்கப் போகும் சாக்கில் அவளும் அந்தப் பக்கம் இரண்டு தடவை கூடுதலாக நடந்தாள் என்பதை மறைப்பதற்கில்லை.

புகார் மட்டும் இப்படிச் சரிந்தது எப்படி என்று ஒரு சின்ன உறுத்தல் இருந்தது. சுட்டியைக் கேட்டபோது, "யூசருங்க பழகிட்டாங்கக்கா" என்று திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அக்காவும் அதற்குமேல் குடையவில்லை. பச்சையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குக் குடைய மனம் வருமா?

ஒரு சனிக்கிழமை மதியம் துவைத்த துணிகளைக் கட்டிலில் குவித்துப்போட்டு இருவரும் மடித்துக்கொண்டிருந்தார்கள். கணவர் இரண்டு சட்டை மடித்துவிட்டு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். என்ன ஆயிற்று என்று கேட்டாள். எழுதி எழுதி வலிக்கிறது என்றார். கம்ப்யூட்டர் இருக்கும்போது கையால் என்ன எழுத்து என்று சிரித்தாள்.

அவர் சிரிக்கவில்லை. "பிறந்த குழந்தைங்க ரிப்போர்ட் எல்லாத்தையும் பேனாவால திருத்திக்கிட்டு இருக்கோம். மூணு வாரமா" என்றார்.

பிறகு மெதுவாகச் சொன்னார். பிறந்து மூன்று நாளான ஒரு குழந்தைக்கு ரத்தச் சோதனை. ஹீமோகுளோபின் பதினெட்டு. அந்த வயதுக்கு அது சரியான அளவு. ஆனால் தாளில் பக்கத்திலேயே பெரியவர்களுக்கான அளவு அச்சாகி, தடித்த எழுத்தில் 'அதிகம்' என்று விழுந்துவிட்டது. அவர்கள் கவனிப்பதற்குள் தாள் தாயின் கைக்குப் போய்விட்டது. டாக்டர் அறுவைச் சிகிச்சையில் இருந்தார். அந்தப் பெண் வராந்தாவில் நின்றபடி போனில் எதையெதையோ தேடிப் படித்துவிட்டு, குழந்தைக்கு ஏதோ பெரிய வியாதி என்று முடிவுகட்டி, ஒரு மணி நேரம் சுவரில் சாய்ந்து அழுதிருக்கிறாள். ஆய்வகத்து ஆட்கள் போய்ச் சொன்னதை நம்பவில்லை. அச்சில் வந்ததுதானே அவளுக்கு உண்மை. அன்றிலிருந்து எந்தக் குழந்தையின் தாளையும் பேனாவால் அடித்துத் திருத்திக் கையெழுத்துப் போட்டுத்தான் வெளியே விடுகிறார்கள்.

அவள் கையில் இருந்த துணியைக் கீழே வைத்தாள். "புகார் கொடுக்க வேண்டியதுதானே?"

"எங்க கொடுக்கிறது? மேல இருந்த சிவப்பு பட்டனைக் காணோம்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

அவர் ஒரு துண்டை நான்காக மடித்து, அதை இன்னொரு முறையும் மடித்தார். "வீட்டுல ஆபீஸ் புகார் கூடாதுன்னு நீதானே சொன்னே" என்றார். குத்திக்காட்டும் குரலில் இல்லை, விதியைச் சொல்லும் குரலில்தான் சொன்னார். அது அவளுக்கு இன்னும் சுருக்கென்று தைத்தது.

திங்கட்கிழமை அவள் போனதும் முதல் காரியமாக ஆய்வகத்துக்காரர்கள் பார்க்கும் ஸ்கிரீனைத் திறந்து வைத்துக்கொண்டு பட்டனைத் தேடினாள். தன் குழு எழுதிய மென்பொருளில் தானே இருபது நிமிடம் அலைந்தாள். 'அமைப்புகள்' என்பதற்குள் 'உதவி', அதற்குள் 'எங்களைப் பற்றி', அதன் அடியில் எறும்பு எழுத்தில் ஒரு வரி. அதை அழுத்தினால் பதினொரு கேள்வி கொண்ட படிவம். எட்டாவது கேள்வி, அச்சு இயந்திரத்தின் அடியில் ஒட்டியிருக்கும் வரிசை எண்ணைக் கேட்டது.

சுட்டியைக் கூப்பிட்டாள். அவள் மழுப்பவில்லை, கண் மட்டும் கலங்கியது. "புகார் குறையணும்னுதானே அக்கா எழுதியிருந்தீங்க. பிரச்சினை குறையணும்னு எழுதலையே. நான் முதல்ல பிரச்சினையைத்தான் குறைச்சேன், அதுல எட்டுதான் குறைஞ்சது."

நெட்டை தானாகவே எழுந்து வந்தான். விஷயம் காதில் விழுந்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. முன்பெல்லாம் ரிப்போர்ட் ஒவ்வொன்றும் திறக்கும்போது பிறந்த தேதியிலிருந்து வயதை நாள் கணக்கில் போட்டுப் பார்க்கும், நேரம் பிடிக்கும். அதைத் தூக்கிவிட்டு, வயதை முழு வருடமாக முன்கூட்டியே எழுதிவைத்தான். அதில்தான் இரண்டேகால் நொடி மிச்சமானது. மூன்று நாள் குழந்தைக்கு வயது பூஜ்யம். பூஜ்யம் என்றால் வயதை யாரும் நிரப்பவில்லை என்று எடுத்துக்கொண்டு, பெரியவர்களின் அளவை அச்சிட்டுவிடுகிறது மென்பொருள். சொல்லி முடித்தபோது அந்த உயரமான உடம்பு பாதியாகக் குறைந்திருந்தது.

கடைசியாக அவள் சாமியாரின் மேசைக்குப் போனாள். அந்த மாற்றத்தை அனுமதித்திருந்தது அவர். ஏன் விட்டீர்கள் என்று கேட்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை.

"முப்பது கேட்டீங்க, முப்பது பார்த்தேன்" என்றார். திரையிலிருந்து கண்ணை எடுத்து, "ஆறு பார்த்திருந்தா இது கண்ணுல பட்டிருக்கும்" என்றார். அன்றைய பங்கில் இரண்டு வாக்கியம் அதற்குச் செலவானது.

யாரைத் திட்டுவது? மூன்று பேரும் அவள் சொன்னதைச் சொன்னபடி, சொன்னதற்குமேலும் செய்து முடித்திருந்தார்கள். திட்டுவதென்றால் அந்தப் பட்டியலுக்குக் கீழே இருந்த ஒரே கையெழுத்தைத்தான் திட்டவேண்டும்.

மதியத்துக்குள் நெட்டை நாள் கணக்கைத் திரும்பப் போட்டான். சாமியார் மூன்று மணி நேரம் அதை மட்டுமே படித்தார். சுட்டி பட்டனைப் பழைய இடத்தில், பழையதைவிடக் கொஞ்சம் பெரிதாகவே வைத்தாள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை குழந்தைகளின் தாள் தவறாக அச்சாகியிருக்கும் என்று எண்பத்து மூன்று ஆய்வகங்களுக்கும் அக்கா கடிதம் எழுதினாள். அனுப்புவதற்கு முன் மேனேஜரிடம் காட்டினாள். அவர் படித்துவிட்டுக் கையைப் பிசைந்தார். கெட்ட மனிதர் இல்லை. அவர் கழுத்திலும் யாரோ ஓர் எண்ணைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

"கடிதம் போகட்டும், வேற வழியில்ல. காலாண்டு முடிய பத்து நாள்தான் இருக்கு. பட்டனை மட்டும் அதுக்கப்புறம் மேல கொண்டுவரலாமே?"

"இல்ல சார். இன்னைக்கே" என்றாள். அவளே எதிர்பார்க்காத அளவுக்குக் குரல் தெளிவாக வந்தது.

பத்து நாளில் நானூற்றுப் பன்னிரண்டு புகார்கள் வந்து குவிந்தன. இரண்டு மாதமாக அடக்கிவைத்திருந்ததை எல்லாம் ஆய்வகங்கள் கொட்டித் தீர்த்தன. ரிப்போர்ட் திறக்க மறுபடி நான்கு நொடி. சாமியார் ஆறுக்குத் திரும்பினார். சுவர்த் திரையில் அவர்கள் வரிசை ரத்தச் சிவப்பானது. பக்கத்துக் குழுக்காரர்கள் துக்கம் விசாரிப்பதுபோல் வந்து தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள்.

காலாண்டுக் கூட்டத்தில் இயக்குநரே வந்து பேசினார். அக்கா நடந்ததை எல்லாம் ஒரே பக்கத்தில் எழுதி, தவறு தன்னுடையது என்று கடைசி வரியில் சேர்த்து, மடித்துக் கையில் வைத்திருந்தாள். அவள் முறை வருவதற்குள் இயக்குநரின் திரையில் அவள் குழுவின் வரைபடம் வந்தது. ஒரு கோடு செங்குத்தாக ஏறி, மேலே போக இடமில்லாமல் நின்றது. தலைப்பு: வாடிக்கையாளர் பங்கேற்பு. பத்தே நாளில் எந்தக் குழுவும் காணாத வளர்ச்சி என்றார் இயக்குநர். வாடிக்கையாளர்கள் நம்மோடு இவ்வளவு பேசியதே இல்லை என்றார்.

அவள் எழுந்தாள். "சார், அது புகார். எல்லாமே புகார்" என்றாள்.

அரங்கம் சிரித்தது. இப்படி அடக்கமாகப் பேசுகிறவர்கள் இந்த நிறுவனத்தில் குறைந்துவிட்டார்கள் என்று இயக்குநர் உருகினார். கைதட்டல் எழுந்தது. கையில் இருந்த தாளை விரித்து அவள் இரண்டு வரி படித்தாள். குழந்தை, தாய், வராந்தா என்று போனது அது. கைதட்டல் அடங்குவதற்குள் மேனேஜர் அவள் முழங்கையைத் தொட்டு, "உக்காருங்கக்கா, அவங்க முடிவு பண்ணிட்டாங்க" என்றார். மற்ற பதினோரு குழுக்களுக்கும் இலக்கு எழுதுவது எப்படி என்று அவளே வகுப்பு எடுக்கவேண்டும் என அங்கேயே அறிவிப்பும் வந்தது.

இரண்டு நாள் அவமானமாகத்தான் இருந்தது. திட்டு வாங்கப் போனவளுக்கு மாலை விழுந்தால் அதைக் கழற்றி எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மூன்றாம் நாள், வகுப்பெல்லாம் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கப் போனவள் வழியிலேயே திரும்பி வந்து, அடுத்த காலாண்டுக்கான இலக்குத் தாளை எடுத்துவைத்துக்கொண்டாள். மூவருக்கும் ஒரே வரி எழுதினாள். ஓர் ஆய்வகத்தில் ஒரு முழு நாள் உட்கார்ந்து, அங்கே வேலை நடப்பதைப் பார்ப்பது. எண்ணிக்கை: ஒன்று.

மேனேஜர் அதைப் பார்த்தார். எண் இருந்தது, ஆட்சேபிக்க ஒன்றுமில்லை. ஆனாலும் பழக்கம் விடவில்லை. "எட்டிப் பிடிக்கிற மாதிரி இல்லையே. ரெண்டு போடலாமா?"

"மூணே போட்டுக்குங்க சார்" என்றாள்.

முதலில் நெட்டை போனான். மறுநாள் காலை பதினேழு குறைகளைக் கைப்பட எழுதிக்கொண்டு வந்தான். அந்த நானூற்றுப் பன்னிரண்டில் இல்லாதவை அத்தனையும். புகார் சொல்லவேண்டிய விஷயம் என்றுகூட யாருக்கும் தோன்றாதவை. அங்கே ஓர் அம்மாள் ரத்த மாதிரிக் குப்பிகளை அடுக்கும்போது, ஒவ்வொரு முறையும் கையுறையைக் கழற்றித்தான் ஸ்கிரீனில் 'சரி' என்ற கட்டத்தைத் தொடுகிறாராம், அது அவ்வளவு சின்னது. ஒரு நாளைக்கு இருநூறு தடவை. நெட்டை எண்ணிப் பார்த்திருக்கிறான்.

அவன் சொல்லி முடிப்பதற்குள் சுட்டி அந்தக் கட்டத்தைப் பெரிதாக்கத் தொடங்கிவிட்டாள். அது எந்த இலக்கின் கீழ் வரும் என்று யாரும் கேட்கவில்லை. சாமியார் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "ரெண்டு கையிலயும் கையுறை இருந்தா என்ன ஆகும்?" என்று ஆரம்பித்தார்.