கபுலாவனில் ஆள் இல்லை

நகனாய் பேரூராட்சியைப் பற்றி எழுத இரண்டு பக்கம் போதும் என்று மாகாணத் தலைநகரிலிருந்து சொல்லியிருந்தார்கள். மாகாணத்திலுள்ள சின்ன ஊர்கள் எல்லாவற்றுக்கும் அதே இரண்டு பக்கம்தான். அவற்றைச் சேர்த்து ஒரு புத்தகம் போடுவார்கள். நகனாயில் அந்த எழுத்துவேலை திட்ட அலுவலகத்துக் காசியானோவுடையது. போன பதிப்பையும் அவன்தான் எழுதினான். 'மலைச்சரிவில் அமைந்த அமைதியான சிற்றூர். அபாகா வாழைநாரும் சேம்பும் நன்றாக விளையும்' என்று அதில் நகனாயைச் சேர்ந்த கபுலாவனைப் பற்றி எழுதியிருந்தான். அது அச்சாகி வந்த ஆண்டின் மழைக்காலத்தில் மலை பெயர்ந்து கபுலாவன்மேல் இறங்கியது. கொஞ்ச நாள் தோண்டினார்கள். பிறகு நாற்றம் தாங்க முடியவில்லை என்றார்கள், இன்னும் சரியும் என்றார்கள். பாதிரியார் வந்து சேற்றின்மேல் தீர்த்தம் தெளித்து, உள்ளே கிடந்தவர்களை மொத்தமாக ஆசீர்வதித்துவிட்டுப் போனார். காசியானோவின் அக்கா சிதாஸின் கணவனும் இரண்டு பெண்பிள்ளைகளும் அதற்குள்தான் இருந்தார்கள். அவள் மட்டும் அன்று சேம்பு விற்க நகனாய்ச் சந்தைக்கு இறங்கியிருந்தாள்.

புதிய பதிப்புக்கான பக்கங்களைக் காசியானோ எழுதிக்கொண்டிருந்தபோது மேயர் ஒர்க்கீசாவே அவன் மேசைக்கு வந்தார். தோளில் கை போட்டார்.

"கபுலாவன எடுத்துரு, சியானோ."

"எடுக்கறதுன்னா எப்படி, மேயர்?"

"முன்னாடி ஊரா இருந்துச்சு, இப்ப ஆள் இல்லைன்னு போடு. உண்மைதானே?"

"நாலு குடும்பம் திரும்பிப் போயிருக்காங்க. எங்கக்காவும் அங்கதான்..."

"செத்தவங்களோட குடித்தனம் நடத்துறவங்கள எல்லாம் மக்கள்தொகையில சேத்தா, நாளைக்குக் கல்லறைக்கும் ஓட்டுப்பெட்டி வைக்கணும்டா."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். காசியானோவும் கொஞ்சம் சிரித்தான். சிரித்து முடித்தபின்தான் வாய் கசந்தது. விஷயம் அங்கே எல்லோருக்கும் தெரியும். சரிந்த மலையில் சாலை போடுகிற கல்லும் சரளையும் ஏராளம். அதை அள்ளும் குத்தகை மேயருடைய மச்சானுக்குப் போகிறது. ஆள் வாழும் ஊர் என்றால் அவர்களுடைய சம்மதம் வேண்டும். ஆள் இல்லாத ஊருக்கு மேயர் கையெழுத்தே போதும்.

மறுநாள் அவன் மலையேறினான். சேறு காய்ந்து இறுகி, அதன்மேல் புல் முளைத்து, பார்ப்பதற்கு மாடு மேய விட்ட மைதானம் போல இருந்தது. அதன் ஓரத்தில் தகரமும் தென்னை ஓலையுமாக ஒரு குடிசை. சிதாஸ் வாசலில் குந்தி சர்க்கரைவள்ளியைத் தோலோடு வேகவைத்துக்கொண்டிருந்தாள். தம்பியைப் பார்த்ததும் இன்னும் இரண்டு கிழங்கைப் பானைக்குள் போட்டாள்.

"மானா, கீழ வந்துரு. எங்க வீட்ல உனக்கு இடம் இருக்கு," என்றான். அக்காவை அங்கே மானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"தெரியும். உன் பொண்டாட்டி முகம் சுளிக்காமச் சோறு போடுவா. ஆனா அங்கேருந்து இவங்க தூரம்டா."

மேயர் சொன்னதை அவன் சொன்னான். அவள் கிழங்கைக் குத்திப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நீ என்ன எழுதப் போற?"

"அவர் சொன்னத எழுதலைன்னா வேலை போயிரும், மானா."

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். அடுப்புச் சூட்டில் அவள் கை கொதித்தது. "சுடுதா? செத்தவ கை சுடுமா? ஆள் இருக்குன்னு எழுதுடா. மத்தவங்க போயிட்டாலும் ஒருத்தி இருக்கான்னு எழுது."

அவன் எழுதினான். 'கபுலாவன்: நான்கு குடும்பங்கள் வசிக்கின்றன.' எழுதிக் கொடுத்துவிட்டு, வேலை போகும் என்று காத்திருந்தான். யாரும் அவனை எதுவும் கேட்கவில்லை. அலுவலகத்தில் வழக்கம்போல அவனுக்கும் காப்பி வந்தது. மழை விட்ட மாதத்தில் புத்தகம் வந்தது. வழுவழுப்பான தாள், முதல் பக்கத்தில் மேயர் சிரிக்கும் படம். 'கபுலாவன்: முன்னாள் குடியிருப்பு. தற்போது மக்கள் வசிக்கவில்லை.' அதன் கீழே, தொகுத்தவர் என்று காசியானோவின் முழுப்பெயர். அவன் மனைவி அதைத் தடவிப் பார்த்து, "ஒரு எழுத்துகூடப் பிழையில்லாம போட்டிருக்காங்க," என்றாள். அவன் புத்தகத்தை அக்காவிடம் கொண்டுபோகவில்லை.

பொக்லைன்கள் ஏறிய அன்று மேயர் அவனைக் கூப்பிட்டனுப்பினார். "உன் அக்காதானே, நீயே பேசி இறக்கிக் கொண்டுவா. போலீஸ் கை வைக்கறது எனக்குப் பிடிக்கல."

மற்ற மூன்று குடும்பங்களும் தகரமும் அரிசி மூட்டையும் வாங்கிக்கொண்டு முந்தைய நாளே இறங்கிவிட்டிருந்தன. சிதாஸ் மட்டும் குடிசை வாசலில் உட்கார்ந்திருந்தாள். கூட வந்த போலீஸ்காரன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "எந்திரிங்க மானா, வம்பு வேண்டாம். நானும் சம்பளத்துக்குத்தான் வந்திருக்கேன்."

அவள் அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள், இயந்திரத்துக்கு முன்னால் படுப்பாள் என்று காசியானோ வழி நெடுகப் பயந்துகொண்டே வந்திருந்தான். அவளோ எழுந்து, பானையையும் பாயையும் தானே எடுத்து ஓரமாக வைத்தாள்.

"தோண்டுங்க," என்றாள். "பாதியில நிறுத்திட்டுப் போனவங்கதானே நீங்க. என் கையால எவ்வளவுதான் தோண்ட முடியும்? இப்பவாவது முழுசாத் தோண்டுங்க."

போலீஸ்காரன் காசியானோவைப் பார்த்தான். காசியானோ அவளைப் பார்த்தான். குடிசைக்குப் பின்னால் ஆளுயரக் குழிகள் வரிசையாக இருப்பதை அப்போதுதான் கவனித்தான்.

இரண்டு இயந்திரங்கள் வேலையைத் தொடங்கின. ஒன்று குடிசைப் பக்கம், மற்றது கீழே ஓடைப் பக்கம். அவள் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. ஒவ்வொரு முறை மண் எழும்போதும் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். வெயில் ஏறியபின், மேல்பக்க இயந்திரத்தின் வாளி நசுங்கிய தகரம் ஒன்றைத் தூக்கியது. தகரத்தோடு துணி. துணிக்குள் எலும்பு. ஓட்டுநர் வேறு தீவிலிருந்து வந்தவன். அவனிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. என்ஜினை நிறுத்தி, சிலுவை போட்டுக்கொண்டு குதித்து இறங்கி, தள்ளிப்போய் வாந்தியெடுத்தான்.

சிதாஸ் தண்ணீர்க் கெண்டியோடு குழிக்குள் இறங்கினாள். காசியானோவும் இறங்கினான். அலுவலகச் செருப்பு சேற்றில் புதைந்துபோக, வெறுங்காலோடு அவள் அருகில் போய் நின்றான்.

"மச்சானா?"

அவள் துணியை விரலால் விலக்கினாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இல்ல. இது வாத்தியார் வீட்டுப் பக்கம். நம்ம வீடு இன்னும் கீழ."

என்றாலும் அவள் எழவில்லை. கெண்டியைச் சாய்த்து அந்த எலும்புகளின்மேல் தண்ணீர் ஊற்றி, உள்ளங்கையால் சேற்றைத் தேய்த்துக் கழுவத் தொடங்கினாள். மேலேயிருந்து மேஸ்திரி கத்தினான். "ஏறுடா வண்டில! மழ வந்தா ஒரு லோடுகூட எடுக்க முடியாது!" ஓட்டுநர் தலை குனிந்தபடி நின்றான்.

ஓடைப் பக்கத்து இயந்திரம் மட்டும் நிற்கவில்லை. மேலே நடந்தது அங்கே கேட்டிருக்காது. அது நிரப்பிவிட்ட முதல் லாரி ஏற்கெனவே நகனாய்ச் சாலையில் இறங்கிக்கொண்டிருந்தது. பின்கதவு இடுக்கிலிருந்து ஈரமண் வழி நெடுகச் சிந்திக்கொண்டே போயிற்று.