மறுவீட்டுக்கு வந்த மழைக்கோட்டார்

என் அக்கா தமயந்திக்குக் கடைசியாக அமைந்த வரன் ஒரு வீடியோ கேம் நாயகர். ஆட்டங்களிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கரூருக்கு வந்து, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தார். கெட்ட பழக்கம் எதுவும் இல்லை, மாமியார் நாத்தனார் தொந்தரவும் கிடையாது என்று தரகர் சொன்னார். அக்காவுக்கு அப்போது நாற்பது தாண்டியிருந்தது. ஜவுளிக் கம்பெனி ஒன்றில் போர்வைகளில் குறை கண்டுபிடிப்பது அவள் வேலை. அதே கண்ணோடு மாப்பிள்ளைகளையும் பார்த்ததால்தான் இத்தனை வருடம் இழுத்துவிட்டது என்று அம்மா வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவருடைய உண்மையான பெயர் எங்களுக்குத் தெரியாது. ஆட்டத்தின் தொடக்கத்தில் அது ஜப்பானிய எழுத்தில் வரும். முதல் ஆட்டத்தில் மஞ்சள் மழைக்கோட்டு போட்டிருந்ததால் சின்ன வயதில் அவரை நாங்கள் மழைக்கோட்டு என்போம். மாப்பிள்ளை ஆகப்போகிறவர் என்றதும் அம்மா மரியாதை சேர்த்து மழைக்கோட்டார் என்று ஆக்கினாள். கல்யாணப் பத்திரிகையிலும் அப்படித்தான் அச்சடித்தோம்.

அவர் மொத்தம் ஐந்து ஆட்டங்களில் இருந்தவர். ஒவ்வொன்றுக்கும் ஒரு உடுப்பு. எதைப் போட்டிருக்கிறாரோ அந்த ஆட்டத்துத் திறமைதான் அவருக்கு இருக்கும், அந்த ஆட்டத்து ஞாபகம்தான் வரும். நீல உடுப்பில் தண்ணீருக்கடியில் மூச்சு விடுவார். தோல் சட்டையில் கயிறு வீசிச் சுவர் ஏறுவார். இரும்புக் கவசத்தில் பறக்க முடியும், ஆனால் உட்கார முடியாது. ஐந்தாவது ஆட்டத்து நீளக் கறுப்புக் கோட்டில் எல்லாம் முடியும். எந்தப் பக்கமும் திரும்பலாம், தமிழ் உட்பட ஏழு மொழி பேசலாம், வருத்தப்படக்கூடத் தெரியும்.

மழைக்கோட்டில் அவருக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். வலப்பக்கம் நடப்பார், குதிப்பார். கைக்கு எட்டுகிற சின்னப் பொருள் எதையும் தொட்டால் அது டிங் என்ற சத்தத்தோடு அவருக்குள் போய்விடும், தலைக்கு மேல் ஒரு எண் எழும்பி மறையும். கட்டத்தின் முடிவில் ஒரு மணி தொங்கும். அதைத் தலையால் முட்டினால் ஜெயித்த கணக்கு. இடப்பக்கம் திரும்ப அவருக்குத் தெரியாது. விட்டு வந்த இடத்துக்கு ஒருநாளும் திரும்பிப் போனதில்லை. எங்கள் வீட்டில் டிவி வடக்குச் சுவரில் இருந்தது. அதனால் எங்களைப் பொறுத்தவரை வலப்பக்கம் என்றால் கிழக்கு.

அந்த முதல் ஆட்டத்தை மட்டும்தான் நானும் அக்காவும் ஆடினோம். முழுப்பரீட்சை லீவில் அப்பா திருச்சியிலிருந்து வாங்கி வந்த கேசட் அது. பாதி நாள் ஓடாது. அக்கா அதை உருவி எடுத்து, அடிப்பக்கத்தில் வாயை வைத்து ஊதுவாள். பிறகு நான் ஊதுவேன். ஊதினதில் பாதி எச்சில்தான். ஆனாலும் திரும்பச் சொருகினால் மழைக்கோட்டு வந்து நிற்கும். ஓட்டு வீட்டின் வெக்கையும், மின்விசிறியின் டக்டக் சத்தமும், சமையலறையிலிருந்து அம்மா கண் கெட்டுப் போகும் என்று கத்துவதும் சேர்ந்து, என் வாழ்க்கையில் அதைவிட நல்ல காலம் ஒன்று இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

அக்காவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஒவ்வொரு கட்டம் தொடங்கும்போதும் அவரை நின்ற இடத்திலேயே இரண்டு முறை குதிக்க வைப்பாள். அப்புறம்தான் நடத்துவாள். அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை, நேரம்தான் வீண் என்று நான் சண்டை போடுவேன். அவரும் பாவம், ஒரு குதியாவது சும்மா குதிக்கட்டுமே என்பாள். அவள் பத்தாவது போனதும் அப்பா அந்த வீடியோ கேம் பெட்டியை யாருக்கோ கொடுத்துவிட்டார். அடுத்த நான்கு ஆட்டங்களில் அவரை நடத்தியவை வேறு யார் யாருடைய கைகளோ.

பெண் பார்க்க அவர் கறுப்புக் கோட்டில் வந்தார். வீட்டில் காற்றே இல்லை, ஆனாலும் அவர் தலைமுடி ஒவ்வொன்றும் தனித்தனியாக அசைந்தது. காபி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, தான் இழந்த ஒரு நகரத்தை நினைத்துக் கொஞ்சம் அழுதார். அம்மா துண்டு எடுத்துக் கொடுத்தாள். பிறகு அக்காவைப் பார்த்து, உங்கள் பெயர் என்ன என்று கேட்டார்.

அக்கா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

"இவருக்கு என்னைத் தெரியலைடா. மழைக்கோட்டு கொண்டாந்திருக்காரான்னு கேளு."

அது அவர் பையில் இருந்தது. அம்மா கொல்லைப் பக்கத்துச் சின்ன அறையைக் காட்டினாள். உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்தார். முகத்தில் கண் மூக்கு இல்லை, ரோஸ் நிறத்தில் ஒரு சதுரம் மட்டும் இருந்தது. பக்கவாட்டில்தான் தெரிந்தார். கூடத்தில் நேராக நடந்து வந்தவர், பஜ்ஜித் தட்டோடு நின்ற அக்காவுக்கு முன்னால் வந்ததும் நின்றார். இரண்டு முறை குதித்தார்.

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். அதற்குள் அவர் கை பட்டு, பஜ்ஜித் தட்டு டிங் என்று மறைந்தது. இவர்தான் என்று அக்கா அம்மாவிடம் சொல்லி முடிப்பதற்குள் அவர் வாசலைத் தாண்டி, எதிர்வீட்டுக் காம்பவுண்டைத் தாண்டிக் குதித்துப் போய்விட்டார். நான் கறுப்புக் கோட்டைப் பையில் போட்டுக்கொண்டு டிவிஎஸ் ஃபிஃப்டியில் துரத்தினேன். மாயனூர் ரோட்டில் பிடித்துக் கோட்டை மாட்டிவிட்டேன். அவர் என்னைப் பார்த்து, தாங்கள் யார் என்று கேட்டார்.

அம்மாவுக்கு மாப்பிள்ளையிடம் ஒரு குறையும் இல்லை. அவளுடைய கவலை மறுவீடு. கல்யாணம் முடிந்து போன பெண்ணும் மாப்பிள்ளையும் திரும்பப் பெண் வீட்டுக்கு வந்து விருந்து சாப்பிட வேண்டும் அல்லவா? வலப்பக்கம் மட்டும் போகிறவர் எப்படித் திரும்ப வருவார்? போன பெண் போனதுதானா? அப்பா போன பிறகு அம்மாவுக்கு அக்காதான் எல்லாம். நான் பஸ் பாடி கட்டும் பட்டறைக்குக் காலையில் போனால் இருட்டின பிறகுதான் வருவேன். கறுப்புக் கோட்டிலேயே கல்யாணம் செய்துகொண்டு இங்கேயே குடியிருக்கட்டும் என்று அம்மா தினமும் சொன்னாள். கடைசியில் ஒருநாள் அக்கா சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னாள்.

"அந்தக் கோட்டுல அவருக்கு எல்லாம் தெரியும்மா. என்னைத்தான் தெரியாது. தெரியாத ஆளுகிட்டக் கழுத்தை நீட்டச் சொல்றியா?"

நிச்சயதார்த்தத்தன்று அம்மா வேறொன்றைக் கண்டுகொண்டாள். வழக்கப்படி நாங்கள் எடுத்துக் கொடுத்த பட்டு வேட்டி சட்டையை, கறுப்புக் கோட்டைக் கழற்றிவிட்டு அவர் கட்டிக்கொண்டதும் அப்படியே நின்றுவிட்டார். எந்த ஆட்டத்திலும் அவர் பட்டு வேட்டி கட்டியதில்லை. அந்த உடுப்பில் அவருக்கு ஒரு திறமையும் கிடையாது. கேசட் ஞாபகத்தில் உறவினர்கள் வரிசையாக வந்து பின்கழுத்தில் ஊதிப் பார்த்தார்கள். அவர் சிக்கிக்கொள்ளவில்லை, சும்மா இருந்தார், அதனால் ஊதியது எடுபடவில்லை. கண்கூட இமைக்காத மாப்பிள்ளை கிடைத்ததில் போட்டோக்காரருக்குத்தான் சந்தோஷம். எல்லோரும் போன பிறகும் அம்மா எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எங்கேயும் போகாத அந்த மருமகனை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணம் மழைக்கோட்டில்தான் நடந்தது. மணவறையின் கிழக்கு ஓரத்தில் ஒரு கனமான பெஞ்சைப் போட்டுவிட்டோம். அதில் முட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே அவர் நடந்துகொண்டிருந்தார். அக்கா அவர் கையைப் பிடித்திருந்தாள். அக்கினியைச் சுற்றி வர அவரால் முடியாது என்பதால், மச்சினன் என்ற முறையில் நான் ஓமகுண்டத்தைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு அவர்களைச் சுற்றி வந்தேன். தாலியை அவர் தொட்டால் டிங் என்று போய்விடும். ஆகவே பெரியம்மா முடிச்சுப் போட்டாள், மேலே ஒரு மணியைத் தொங்கவிட்டோம். அதை அவர் முட்டினால் தாலி கட்டியதாகக் கணக்கு என்று புரோகிதர் ஒத்துக்கொண்டார். குதித்தவர் பாதி உயரத்தில் சிக்கிக்கொண்டு அந்தரத்தில் நின்றார். கெட்டிமேளத்தை நிறுத்திவிட்டு நாதஸ்வரக்காரர் எழுந்து போய், மாப்பிள்ளையின் பின்கழுத்தில் ஒரு ஊது ஊதினார். ஊரிலேயே பெரிய மூச்சு அவருடையது. மணி அடித்தது.

சாப்பாடு முடிந்ததும் பெஞ்சை எடுத்துவிட்டோம். மற்ற நான்கு உடுப்புகளையும் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை அக்கா என்னிடம் கொடுத்தாள். வாசலில் அம்மா அவள் கையை விடவில்லை.

"எப்படிக் கண்ணு மறுவீட்டுக்கு வருவே?"

"நேரா போனா இங்கதாம்மா வந்து சேரும். உலகம் உருண்டைன்னுதான் பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாங்க."

இருவரும் இரண்டு முறை குதித்தார்கள். பிறகு கிழக்கே போனார்கள்.

முதலில் தகவல் வந்துகொண்டிருந்தது. குளித்தலையில் ஒரு வாழைத்தார் மண்டியின் வழியாக அவர்கள் போனதாகவும், போன பிறகு தார்கள் குறைந்திருந்ததாகவும் சொன்னார்கள். நாகப்பட்டினத்தில் மீன்பிடிப் படகுகளின் மேல் படகு படகாகத் தாவிப் போனதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். படகுகள் தீர்ந்த பிறகு என்ன ஆனது என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த ஆட்டத்தை ஆடியவன் என்ற முறையில், அலைக்கும் மேல்விளிம்பு உண்டு, சரியான நேரத்தில் குதித்தால் நிற்கலாம் என்று நான் அம்மாவுக்குச் சொன்னேன். அவள் கொல்லைப்புறத்தில் மேற்கே பார்த்து ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். விருந்துக்கு இலை வேண்டுமே என்று வேலியோரம் வாழை வைத்தாள். முழங்கால் வலி வந்து, தாங்கித் தாங்கி நடக்கத் தொடங்கினாள்.

நிச்சயதார்த்தத்தில் கட்டிய அந்தப் பட்டு வேட்டி சட்டையை வருடத்துக்கு ஒருமுறை வெயிலில் காட்டி மடித்து வைப்பாள். மறுவீட்டுக்கு வரும் மாப்பிள்ளைக்குத் துணி கொடுப்பது முறைதானே என்றாள். அதைக் கட்டிக்கொண்டால் அவர் கூடத்தில் நின்றுவிடுவார், அவர் நின்றால் அக்காவும் நின்றுவிடுவாள். இதை அவள் என்னிடம் ஒளிக்கவில்லை. அக்காவுக்குப் பிடிக்காது என்று நான் சொன்னேன். பிடிக்காவிட்டாலும் கண்ணெதிரில் இருப்பாள் என்றாள் அம்மா. எனக்கும் அக்காவைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அதனால் பேசாமல் இருந்தேன்.

சில வருடங்கள் கழித்து ஒரு ஆடி மாதக் காலையில் அவர்கள் மேற்கிலிருந்து வந்தார்கள். வேலியைத் தாண்டிக் கொல்லையில் குதித்தார்கள். மழைக்கோட்டு வெளுத்திருந்தது. அக்கா பக்கவாட்டில் மட்டும் தெரிந்தாள். சேலை எட்டுச் சதுரம், முகம் ஒரு சதுரம்.

"இளைச்சுப் போயிட்டியே சாமி" என்று அம்மா அழுதாள்.

"அலைச்சல்மா" என்றாள் அக்கா.

இரண்டு குதி குதிக்கிற நேரத்துக்கு மேல் அவர்களால் நிற்க முடியாது என்பது தெரிந்ததுதான். கொல்லைக் கதவிலிருந்து வாசல் கதவுவரை மேஜைகளைப் போட்டு, ஒவ்வொன்றிலும் இலை விரித்து, முதல் இலையில் உப்பு, அடுத்ததில் பருப்பும் நெய்யும், கூடத்து நடுவில் சாம்பார், வாசலுக்குப் பக்கத்தில் பாயசம் என்று நானும் அம்மாவும் ஓடி ஓடிப் பரிமாறினோம். அவர்கள் நடந்தபடியே தொட்டார்கள். டிங், டிங் என்று வீடு முழுக்கக் கேட்டது. டிவி இருந்த வடக்குச் சுவருக்கு எதிரில் வந்தபோது அக்கா கொஞ்சம் மெதுவாக நடந்தமாதிரி எனக்குத் தோன்றியது.

பாயசம் முடியும் இடத்தில் அம்மா தாம்பாளத்தோடு நின்றாள். வெற்றிலை பாக்கு, பழம், நடுவில் பட்டு வேட்டி சட்டை. அக்கா அதைப் பார்த்தாள். அம்மாவையும் பார்த்தாள். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. அவரும் மாமியார் கொடுப்பதை மறுக்கிறவர் அல்ல, கையை நீட்டினார்.

டிங் என்றது. தாம்பாளம், வெற்றிலை, வேட்டி, சட்டை எல்லாம் போய்விட்டது. அவர் தலைக்கு மேல் ஒரு பெரிய எண் எழும்பி மறைந்தது. மழைக்கோட்டில் அவர் தொட்டால் வேட்டியும் போய்விடும் என்பது இத்தனை வருடமும் எங்கள் இருவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அம்மா வெறுங்கையோடு நின்றாள். அவர்கள் அவளைத் தாண்டி வாசற்படிக்கு வந்தார்கள். அங்கே அக்கா திரும்பிப் பார்க்கவில்லை, திரும்ப முடியாது. நின்ற இடத்தில் இரண்டு முறை குதித்தாள். அவரும் குதித்தார்.

அம்மா முந்தானையை இடுப்பில் செருகினாள். முழங்காலை ஒருமுறை தடவிக்கொண்டாள். சேலைக் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவர்களுக்குப் பின்னால் இரண்டு முறை குதித்தாள். இரண்டாவது குதியில் அவள் பக்கவாட்டில் தெரிந்தாள்.

"அடுப்புல பால் இருக்கு, பார்த்துக்கடா" என்றாள்.

எதிர்வீட்டுக் காம்பவுண்டை மூவரும் ஒன்றாகத் தாண்டினார்கள். நான் உள்ளே போய்ப் பாலை இறக்கி வைத்தேன். மேஜைகளை ஒதுக்கிவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். அடுத்த மறுவீட்டுக்கு இலை கூடுதலாக வேண்டியிருக்கும் என்பதால், வேலியோரம் இன்னும் சில வாழைக்கன்றுகள் நட்டேன்.