பதினேழாவது முடிச்சு

களம்பூருக்குத் திரும்பிப் போவதா வேண்டாமா என்பது அந்த ஐந்து நாள் பயிற்சியில் முடிவாக வேண்டியிருந்தது. அம்மாதான் அப்படி ஒரு கெடு வைத்தாள்.

"வேல கெடச்சா ஹாஸ்டல்ல தங்கிக்கினு சம்பாரி. ஒருத்தரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க. கெடைக்கலன்னா ஞாயித்துக்கெழம பூசைக்கு பிரின்ஸு வருவாரு. உங்க பெரியப்பா பேசி வெச்சிருக்காரு. மூஞ்சத் தூக்கி வெச்சிக்காம கூடப் போயிடணும்."

"அது இன்னாம்மா பந்தயமா?"

"பந்தயம்னே வெச்சிக்கோ ஜாய்ஸு. ஏழு மாசமா தெருவுல எனக்கு பதில் சொல்லி மாளல."

பிரின்ஸ் என் கணவன். களம்பூரில் ஓர் அரிசி ஆலையில் மேற்பார்வை பார்க்கிறான். குடிப்பதில்லை, ஒரு நாளும் அடித்ததில்லை. அதனாலேயே என் பக்கம் நின்று பேச யாருக்கும் ஒரு காரணம் கிடைக்கவில்லை. அவன் செய்ததெல்லாம் கேள்வி கேட்டதுதான். கடைக்குப் போய்வர ஏன் இருபது நிமிடம், போனில் ஏன் சிரித்தாய், ஜன்னலை யார் திறந்தது. உண்மையைச் சொன்னால் அதிலிருந்து இன்னும் பத்துக் கேள்வி முளைக்கும். அதனால் இரண்டாம் வருடத்தில் பொய் சொல்லக் கற்றுக்கொண்டேன். கத்தரிக்காயை எந்தக் கடையில் வாங்கினேன் என்பதை மாற்றிச் சொல்வது மாதிரி, யாருக்கும் எந்தப் பயனுமில்லாத பொய்கள். ஒரு மத்தியானம் வீட்டில் யாருமே இல்லாதபோது, யாரும் கேட்காத கேள்விக்கு ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டிருப்பதைக் கவனித்தேன். எனக்கே என்னைப் பார்க்கப் பயமாக இருந்தது. அடுத்த வாரம் அம்மா வீட்டுக்கு ஆரணி பஸ் ஏறிவிட்டேன்.

ஆரணியில் பாவு பிணைக்கப் போனேன். தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு ஒன்று தீர்ந்ததும், அதன் நுனி இழைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஒரு சேலைப் பாவுக்கு நாலாயிரம், ஐயாயிரம் இழை வரும். விரலை நாக்கில் தொட்டு, இரண்டு இழையைச் சேர்த்து ஒரு முறுக்கு, ஒரு மடிப்பு. மறுபடி நாக்கு. எதிரில் உட்கார்ந்து தீபா பிணைப்பாள். இரண்டு பேரும் சேர்ந்தால் பாதி நாளில் முடியும். தீபா என்னைவிட மூன்று வயது மூத்தவள். வாய் ஓயாது.

அந்த அறிவிப்பை அவள்தான் போனில் காட்டினாள். விண்வெளித் துறையில் நுழைவோருக்கான ஐந்து நாள் தொழிற்பயிற்சி. ஒரகடம் பக்கம் செயற்கைக்கோள் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனி, ஆரணியிலேயே ஒரு கல்லூரி ஆய்வகத்தில் நடத்துகிறது. பன்னிரண்டு பேருக்கு இடம். கடைசி நாள் தேர்வில் நான்கு பேருக்கு வேலை.

"வாடி போலாம். ராக்கெட்டுக்கு பாவு பிணைக்கறதுக்கு நம்மள வுட்டா யாரு கீறாங்க" என்றாள் தீபா.

விளையாட்டாகச் சொன்னாலும் கிட்டத்தட்ட அதுதான் வேலை. செயற்கைக்கோளுக்குள் நூற்றுக்கணக்கான ஒயர்கள் ஓடுகின்றன. அவற்றைக் கொத்துக் கொத்தாகச் சேர்த்து, மெழுகு பூசிய தட்டையான நாடா நூலால் விரலளவு இடைவெளியில் முடிச்சுப் போட வேண்டும். இன்றைக்கும் அதைக் கையால்தான் கட்டுகிறார்கள். இறுகினால் ஒயரின் தோல் வெட்டுப்படும். தளர்ந்தால் ராக்கெட் கிளம்பும் அதிர்வில் நழுவும். பயிற்சி கொடுக்க வந்த தனசேகரன் சார் முதல் நாளே சொன்னார்: "பட்டு இழையில பழகின கைன்னுதான் இந்த ஊருக்கு வந்தோம். இன்ஜினியர் பசங்களுக்கு ஆறு மாசத்துல வராதது உங்களுக்கு ஆறு மணி நேரத்துல வரும்."

ஆய்வகத்துக்குள் பிளாஸ்டிக் தாளால் ஒரு கூடாரம் கட்டியிருந்தார்கள். அங்கி, தொப்பி, முகமூடி, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். ஒரு தலைமுடி, ஒரு தும்மல், ஒரு வியர்வைத் துளி விழக்கூடாது. உடம்பிலிருந்து வருகிற எதுவும் அங்கே அழுக்குதான். மேசை மேலே ஒரு பெட்டியில் சிவப்புத் தாள்கள் இருந்தன.

"மேல போனதுக்கப்புறம் ரிப்பேருக்கு மெக்கானிக்க அனுப்ப முடியாது" என்றார் சார். அவருக்குக் கரகரப்பான, நம்பச் சொல்கிற குரல். "தப்பு எல்லாரும் பண்ணுவோம். நானும் பண்ணியிருக்கேன். பண்ணவங்க கீழ இருக்கும்போதே சொல்லிடணும். சிவப்புத் தாள எடுங்க, என்ன ஆச்சுன்னு எழுதுங்க, குடுங்க. யாரும் திட்டமாட்டாங்க. ஏன் பண்ணேன்னு ஒரு கேள்விகூட வராது. இந்தத் தொழிலோட அஸ்திவாரமே அதுதான்."

மற்றவர்கள் பயிற்சிப் புத்தகத்தில் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்கள். நான் அவர் சொன்ன அந்த வரியிலேயே நின்றேன். ஏன் பண்ணேன்னு ஒரு கேள்விகூட வராது. பூமியில் அப்படி ஓர் இடம் இருக்கிறதா? ஒரகடத்தில் இருக்கிறதா?

அதன் பிறகு முடிச்சுப் போடுவது எனக்கு வேலையாகவே தெரியவில்லை. கையில் இருக்கும் இந்த ஒயர்க்கொத்து ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றும் என்று நினைத்துக்கொள்வேன். அரிசி ஆலையின் புகைபோக்கிக்கு மேலே, லாரிகளுக்கு மேலே, யார் வீட்டு ஜன்னலுக்கும் எட்டாத உயரத்தில் சத்தமில்லாமல் போகும். எங்கே போயிருந்தாய் என்று அதை யாரும் கேட்க முடியாது. நான் அதனுள்ளே ஓர் இருட்டான மூலையில், ஒரு முடிச்சின் அளவுக்கு இருப்பேன்.

மூன்றாம் நாள் தீபா ஒரு காரியம் செய்தாள். நாடாவின் நுனி பிரிந்துகொண்டு ஒயருக்கு அடியில் நுழையமாட்டேன் என்றது. அவள் முகமூடியை இறக்கி, கையுறை விரலை நாக்கில் தொட்டு, நுனியை முறுக்கி உள்ளே தள்ளிவிட்டாள். பழக்கம். செய்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. சார் மறுகோடியில் இருந்தார்.

"அடிப்பாவி" என்றேன்.

"சும்மா இருடி. இது வரைக்கும் சாமியார் எச்சிகூட வானத்துக்குப் போனதில்ல. என்னுது போவட்டும்."

முகமூடிக்குள்ளே சிரித்துச் சிரித்து என் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தது. சிவப்புத் தாளைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

ஐந்தாம் நாள் தேர்வு. இரண்டு மணி நேரத்தில் இருபத்து நான்கு முடிச்சு. எனக்கு இடப்பக்கம் தீபா, வலப்பக்கம் கோகுல்ராஜ் என்று டிப்ளமோ படித்த பையன். அவன் கத்தரி மழுங்கிப்போய்விட்டதென்று என்னுடையதை வாங்கி வாங்கி வெட்டிக்கொண்டிருந்தான். பத்து முடிச்சு வரை எண்ணிக்கொண்டு கட்டினேன். அதற்கு மேல் கை தானாக ஓடியது. ஞாயிற்றுக்கிழமை வராது என்று நினைத்தேன். வந்தாலும் அது வேறு யாருடைய ஞாயிற்றுக்கிழமையாகவோ இருக்கும்.

பதினேழாவது முடிச்சில் நாக்கு கசந்தது.

சுத்தம் செய்கிற திரவத்தின் கசப்பு, கையுறை ரப்பரின் கசப்பு. முகமூடி தாடைக்குக் கீழே இருந்தது. எப்போது இறக்கினேன் என்று தெரியவில்லை. என் விரல் நுனி ஈரமாக இருந்தது. முறுக்கிய நாடா ஒயருக்கு அடியில் ஒழுங்காக நுழைந்திருந்தது. அழகான முடிச்சு.

சார் பார்க்கவில்லை. கோகுல்ராஜ் தலை நிமிரவில்லை. தீபா மட்டும் பார்த்தாள். "ஜல்தியா கட்டு, மணியாவுது" என்றாள் உதடு அசையாமல்.

முகமூடியை ஏற்றிக்கொண்டேன். பதினெட்டாவதைக் கட்டத் தொடங்கினேன். அப்போது மனதுக்குள் ஒரு சத்தம் கேட்டது. யாராவது கேட்டால், முகமூடி கயிறு அறுந்துவிட்டது என்று சொல்லலாம். தும்மல் வந்தது, வெளியே திரும்பித் தும்மினேன் என்று சொல்லலாம். இரண்டில் எது பொருந்தும்? களம்பூர் வீட்டின் அந்த மத்தியானம் கூடாரத்துக்குள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. இங்கேயும் இதைச் செய்யப்போகிறேன் என்றால், இங்கே வந்து என்ன பயன்?

எழுந்து போய் சிவப்புத் தாளை எடுத்தேன். பின்னால் தீபா "ஏய், ஏய்" என்று கூப்பிட்டது கேட்டது. பதினேழாவது முடிச்சு, எச்சில் பட்டது, நேரம் பதினொன்று இருபது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

தனசேகரன் சார் அதை இரண்டு முறை படித்தார். பிறகு, "எல்லாரும் ஒரு நிமிஷம் கைய வெச்சிட்டு இங்க பாருங்க" என்றார். "அஞ்சு நாளா நான் நடத்துன பாடத்த இவங்க ஒரு தாள்ல நடத்திட்டாங்க. பரீட்சை நடந்துட்டிருக்கு, யாரும் பாக்கல, இருந்தும் வந்து சொல்றாங்க. இவங்கள மாதிரி ஆளுங்கள நம்பித்தான் ராக்கெட் மேல போகுது."

பதினொரு பேரும் கைதட்டினார்கள். கையுறை போட்ட கைகள் என்பதால் பஞ்சு மூட்டையைத் தட்டுகிற மாதிரி சத்தம் வந்தது. சார் தாளோடு என்னை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது. அத்தனை நிம்மதி. அந்த முடிச்சை வெட்டிவிட்டு, மீதி எட்டையும் போட்டு முடித்தேன்.

நாலரை மணிக்குப் பட்டியலை ஒட்டினார்கள். கோகுல்ராஜ், எதிர்மேசையில் உட்கார்ந்த பவித்ரா, தீபா, நான்காவதாக வேறு ஒரு பெண். நான் கீழிருந்து மேலே ஒருமுறை படித்தேன், பிறகு மேலிருந்து கீழே.

சார் கூடாரத்தைப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தார்.

"சார், என் முடிச்சுல குறை இருந்திச்சா?"

"ஒண்ணும் இல்லம்மா. இந்த பேட்ச்லயே நல்ல கை உங்களுதுதான்."

"அப்ப பேரு இல்லையே சார்."

அவர் பிளாஸ்டிக் தாளின் ஓரங்களைச் சரியாகச் சேர்த்தார். "சுத்தக் குறைபாடு ஒண்ணு பதிவானாலே ஃபெயில்தான். சிஸ்டத்துல ஏத்தினதும் அதுவே தள்ளிடுது. என் கையில இல்ல."

"நான் எழுதிக் குடுக்கலன்னா பதிவாயிருக்காதே."

"அப்படி யோசிக்கக் கூடாதும்மா."

"சொன்னா ஒண்ணும் ஆவாதுன்னீங்க சார்."

"திட்டமாட்டோம்னு சொன்னேன்" என்றார். உண்மையிலேயே நினைவுபடுத்திப் பார்த்துச் சொன்னார். "யாராச்சும் திட்டினாங்களா?"

இல்லை. யாரும் திட்டவில்லை.

"நான் கட்டினது எங்க சார் போவும்?"

அவர் கண்ணால் சுவரோரம் காட்டினார். பன்னிரண்டு பேர் கட்டிய ஒயர்க்கொத்துகளும் ஒரு கோணிப்பைக்குள் கிடந்தன. "பயிற்சித் துண்டுதானே. எடைக்குப் போடுவோம்." பிறகு ஆறுதலாகச் சொல்ல ஏதோ கிடைத்த மாதிரி முகம் மலர்ந்தது. "ஆறு மாசத்துல அடுத்த பேட்ச் வரும், அவசியம் வாங்க. உங்க படத்த பாடத்துல சேர்த்துக்கறேன். ஆட்சேபணை இல்லையே?"

ஏன் சரி என்று சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

வாசலில் தீபா நின்றிருந்தாள். அழுதிருந்தாள். "நானும் பண்ணேன்னு போயி சொல்லிடட்டுமாடி? மூணாம் நாளு பண்ணது?"

அவளுக்கு இரண்டு பெண் குழந்தைகள். வீட்டுக்காரனுக்கு முதுகுத் தண்டு போய் ஒரு வருடம். "வேணாம்" என்றேன். சொல்லிவிட்டு அவள் இன்னொரு முறை கேட்பாளா என்று காத்திருந்தேன். கேட்டிருந்தாலும் வேணாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அவள் கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "திங்கக்கெழமையே வரச் சொல்லிட்டாங்கடி, பொட்டி வாங்கணும்" என்றாள்.

வீட்டில் அம்மா என் முகத்தைப் பார்த்து விஷயத்தைத் தெரிந்துகொண்டாள். காரணத்தைச் சொன்னேன்.

"ஒருத்தரும் பாக்கலியா?"

"இல்லம்மா."

"அப்புறம் இன்னாத்துக்குடி போயி சொன்ன?"

அந்தக் கேள்வி வந்தே விட்டது. துணிகளை மடிக்கத் தொடங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பெரியப்பா பிலவேந்திரன் வீட்டில் உட்கார்ந்தோம். பிரின்ஸ் சலவைச் சட்டையில், எல்லாருக்கும் பழம் வாங்கிக்கொண்டு வந்திருந்தான். பெரியப்பா ஐந்து நிமிடத்தில் பேச்சை முடித்துவிட்டார். அம்மா என் பையை அவன் வண்டியின் முன்னால் வைத்துக் கட்டினாள். தெரு பார்க்க ஏறி உட்கார்ந்தேன்.

ஊரைத் தாண்டினோம். களம்பூர் ரோட்டில் ஒரு நெல் லாரிக்குப் பின்னால் வண்டி மெதுவாகிற வரைக்கும் அவன் காத்திருந்த மாதிரி இருந்தது.

"அந்த காலேஜுல அஞ்சு நாளும் இன்னா பண்ண?"

"ஒயர் கட்டினோம்ங்க."

"பக்கத்துல யாரு உக்காந்தது?"

"தீபா."

"இந்தப் பக்கம்?"

லாரியிலிருந்து உமி பறந்து வந்து முகத்தில் ஒட்டியது. நான் துடைக்கவில்லை.

"செவுரு" என்றேன்.

அவனுக்குத் திருப்தியாக இருந்தது. லாரியை முந்திக்கொண்டு போனோம்.